பட்டுக் கயிறு இங்கே எங்கே?

நடுவர் அவர்களே! எதிரணியிலே அமர்ந்திருக்கிற நண்பர்களே! இலஞ்சிக் குமாரன் குடியிருக்கிற ஊரிலே, குற்றாலச் சாரலையும் பொருட்படுத்தாமல் உட்கார்ந்திருக்கிற தாய்மார்களே, பெரியோர்களே!

தெய்வத்தின் பெயரால் ஆண்ட மன்னனுக்கு அந்தப் பெயர் கடிவாளமா, கவசமா? கடிவாளம்னு எதிரணித் தலைவர் சொல்லிட்டுப் போயிட்டாரு. கவசம்னு சொல்ல நான் வந்திருக்கேன்.

அவர் எங்கே போனார்? மத்திய ஆசியாவுக்கே போயிட்டார்! (சிரிப்பு) துருக்கிய நாடோடிகளின் பேரரசன் ககான். 552-லே பூமின் தொடங்கி வைத்த அரசு. வானமே அவனுக்கு ஆட்சியைக் கொடுத்தது என்று நம்பினார்கள். பட்டம் கட்டும்போது அவனைக் கம்பளத்திலே தூக்கி வைத்து, சூரியன் போகிற திசையிலே ஒன்பது முறை சுற்றுவார்கள். அப்புறம் பட்டுத் துணியைக் கழுத்திலே போட்டு, மூச்சு முட்டுகிற வரை இறுக்கி, "எத்தனை வருஷம் ஆளுவாய்?" என்று கேட்பார்கள். அவன் திணறித் திணறி என்ன உளறுகிறானோ, அதுதான் கணக்கு! சீனர்கள் எழுதி வைத்த செய்தி இது. பின்னாலே வந்த கசார்கள் இன்னும் ஒருபடி மேலே. நாட்டிலே பஞ்சம் வந்தால், போரிலே தோற்றால், "இந்த ககானுக்கு ராசி போச்சு, கொன்றுவிடு" என்று குடிமக்கள் கேட்பார்களாம். இது அரபு எழுத்தாளர் அல் மசூதி எழுதியது.

ஒப்புக்கொள்கிறேன் ஐயா. அது கடிவாளம்தான். நான் கேட்கிறது ஒண்ணே ஒண்ணு. அந்தப் பட்டுக் கயிறு நம்ம பக்கம் எங்கே?

தென்காசிப் பராக்கிரம பாண்டியரைச் சொன்னார்கள். 1446-லே விசுவநாதர் கோயிலைத் தொடங்கியவர். இந்தக் கோயிலுக்குக் குறை வந்தால், பிற்காலத்திலே யார் சரிசெய்கிறார்களோ அவர்கள் காலிலே விழுகிறேன் என்று கல்லிலே வெட்டி வைத்த மகராசன். படிக்கும்போது எனக்குக் கண் கலங்கும். இடிந்து கிடந்த கோபுரத்தை எழுப்பி 1990-லே கும்பாபிஷேகம் செய்தோமே, அத்தனை பேர் காலிலும் ஐந்நூறு வருஷத்துக்கு முன்னாலேயே விழுந்துவிட்டார்! (கைதட்டல்) ஆனா அது அந்த மனிதருடைய மனசு. சட்டம் இல்லே. நல்ல மனசு உள்ளவனுக்குக் கடிவாளம் எதுக்கு?

சட்டமாகவே செய்தவர் ஒருத்தர் இருக்கிறார். தூரம் போக வேண்டாம், பக்கத்திலே செங்கோட்டைக்குப் போங்க. 1956 நவம்பர் 1-லே நம்மோடு சேருகிற வரைக்கும் அது மலையாளச் சீமை. அந்தத் திருவிதாங்கூரை உருவாக்கினவர் மார்த்தாண்ட வர்மா. 1750 ஜனவரி 3-லே வாளைக் கொண்டுபோய்ப் பத்மநாபசுவாமி சந்நிதியிலே ஒற்றைக்கல் மண்டபத்தில் வைத்தார். "நாடு சுவாமிக்கு, நான் தாசன்" என்றார். திருப்படி தானம் என்று பெயர்.

என்ன பணிவு! ஆனா அதுக்கு முன்னாலே நடந்ததைப் பாருங்க. எதிர்த்து நின்ற எட்டுவீட்டுப் பிள்ளைமாரை ஒழித்தார். 1746-லே காயங்குளத்தைப் பிடித்தார். நம்ம திருநெல்வேலிச் சீமை மறவர்களையும் கூலிக்குப் பிடித்துத்தான் அவர் படை திரட்டினார். இப்படிச் சேர்த்த நாட்டைத்தான் சுவாமிக்கு எழுதி வைத்தார். வைத்த வாளை என்ன செய்தார்? திரும்ப எடுத்துக்கொண்டார்! (சிரிப்பு) நேற்று வரைக்கும் மன்னனை எதிர்த்தால் ராஜத் துரோகம். மறுநாள் முதல் சுவாமித் துரோகம். ஐயா, உலகத்திலே இதைவிடக் கெட்டியான கவசம் எந்தக் கொல்லன் அடிப்பான்?

அந்தச் சுவாமியின் நாட்டிலே குடிமக்கள் எப்படி இருந்தார்கள்? தென் திருவிதாங்கூர் நாடார் பெண்கள் மேலாடை போட, பல வருஷக் கலவரத்துக்குப் பிறகு, 1859-லேதான் அரசாணை வந்தது. அதிலேயும், மேல்சாதிப் பெண்கள் மாதிரி உடுத்தக் கூடாது என்று நிபந்தனை! தாயம்மா, உங்களிலே ஒருத்தருடைய பாட்டிக்குப் பாட்டி அங்கே பிறந்திருந்தா? யோசிச்சுப் பாருங்க. (அமைதி) நாட்டுக்குச் சொந்தக்காரர் சுவாமி. அந்தச் சுவாமி பெயராலே வரி கட்டினவங்களிலே எத்தனையோ பேர் அந்தச் சுவாமியைக் கிட்டப் போய்க் கும்பிட முடியாது. 1936 நவம்பர் 12-லேதான் சித்திரைத் திருநாள் மகாராஜா ஆலயப் பிரவேசப் பிரகடனம் போட்டார். அவரும் பத்மநாப தாசன்தான், அவர் செய்தது பெரிய காரியம். இல்லேன்னு சொல்லலே. ஆனா அதுக்குப் பின்னாலே வைக்கம் போராட்டம் இருக்கு, 1924-லே அங்கே போய்ச் சிறையிலே கிடந்த நம்ம பெரியார் இருக்கார். கதவு தானாகத் திறக்கவில்லை, ஐயா!

நடுவர் மணியைத் தொடுகிறார். முடித்துக்கொள்கிறேன். 1750-லேயிருந்து 1936 வரைக்கும் 186 வருஷம். இதிலே எந்த வருஷத்திலே, எந்தப் பஞ்சத்திலே, குடிமக்கள் கையிலே அந்தப் பட்டுக் கயிற்றின் ஒரு நூல் முனையாவது இருந்தது? அடுத்து வருகிற எதிரணி நண்பர் அந்த வருஷத்தை மட்டும் சொல்லட்டும். (பலத்த கைதட்டல்)