"உப்பு சார்": ஒரு எஸ்பிரஸோ மெஷின் செத்த கதை

"டாக்டர், வீட்டுக்கு எஸ்பிரஸோ மெஷின் வாங்கலாமா?" சமீபமா இந்தக் கேள்வி அடிக்கடி வருது. என் பதில் ஒண்ணுதான்: முதல்ல உங்க வீட்டுத் தண்ணி என்னன்னு சொல்லுங்க. ஏன்னு சொல்லத்தான் இந்த த்ரெட். கொஞ்சம் நீளம், காபியோட உட்காருங்க.

நான் இருப்பது மரக்காணம் உப்பளங்களுக்குப் பக்கத்தில். ஈசிஆர்-இல் புதுச்சேரி போகும்போது ரோட்டோரம் வெள்ளையா குவிச்சு வெச்சிருப்பாங்களே, அந்த ஊர். ஆசைப்பட்டு வாங்கிய மெஷின் 14 மாசத்தில் அடியில் ஒழுக ஆரம்பித்தது. கழற்றிப் பார்த்த மெக்கானிக் சொன்னது ரெண்டே வார்த்தை: "உப்பு சார்." எனக்குக் கோபம். தண்ணிக்கு சாஃப்ட்னர் போட்டுத்தானே வெச்சிருந்தேன்? அப்புறம்தான் கேட்கத் தோணுச்சு: எந்த உப்பு?

இதுக்குப் பதில் தேட இத்தாலிக்குப் போகணும். 1884-இல் டூரின் நகரக் கண்காட்சியில் ஏஞ்சலோ மொரியோண்டோ என்பவர் நீராவியால் காபி இறக்கும் இயந்திரத்தைக் காட்டி, காப்புரிமையும் வாங்கினார். அது கல்யாண வீட்டு அண்டா மாதிரி, மொத்தமாகப் போடுவது. ஆளுக்கு ஒரு கப், கேட்டவுடன் என்பது 1901-இல் மிலானின் லூயிஜி பெஸ்ஸெரா காப்புரிமைக்குக் கொடுத்த மெஷினில் வந்தது. அந்த உரிமையை வாங்கி வியாபாரமாக்கியவர் தேசிதேரியோ பாவோனி. அப்போ அழுத்தம் ஒன்றிரண்டு பார்தான். நீராவியின் சூட்டில் தூள் கருகும், காபி கசக்கும்.

இன்று நாம எஸ்பிரஸோன்னு சொல்ற பானம், மேலே பொன்னிற நுரையோட வருவது, அக்கில்லே காஜியாவின் வேலை. 1938-இல் முதல் காப்புரிமை. போர் முடிந்த பிறகு ஸ்பிரிங் வைத்த கைப்பிடி மெஷின், அழுத்தம் 8, 9 பாருக்கு ஏறியது. 1961-இல் ஃபேமா கம்பெனியின் ஈ61 வந்தது. கை வலிக்க இழுப்பதற்குப் பதில் மின்சார பம்ப். அந்த வருஷ சூரிய கிரகணத்தை வைத்துத்தான் அந்தப் பெயர்! உங்க வீட்டு மேடையில் நிற்கும் சின்ன மெஷின் இவங்க எல்லாருக்கும் பேரப்பிள்ளை.

இந்த வரலாற்றில் எல்லாரும் அழுத்தத்தைப் பற்றியே பேசுவாங்க. நான் பார்க்கிறது பாய்லரை. நம்ம பித்தளை ஃபில்டருக்கு புவியீர்ப்பு போதும். வெந்நீர் வைக்கிற பாத்திரம் திறந்தே இருக்கும், வெள்ளையா படிஞ்சா கண்ணுக்குத் தெரியும், சுரண்டிடலாம். எஸ்பிரஸோ மெஷினில் அதே தண்ணி மூடிய பாய்லருக்குள்ள தினமும் கொதிக்குது. உள்ளே நடப்பது நமக்குத் தெரியாது.

என்ன நடக்குது? தண்ணியில் கரைஞ்சிருக்கும் கால்சியம் பைகார்பனேட், சூடானதும் கால்சியம் கார்பனேட்டாகி சுவரில் ஒட்டிக்கும். இதைத்தான் 'உப்பு படிஞ்சிருக்கு'ன்னு சொல்றோம். ஆனா சாப்பாட்டு உப்பு சோடியம் குளோரைடு. நாம ரெண்டையும் ஒரே பேர்ல கூப்பிடறோம். என் மெஷின் செத்தது அந்தக் குழப்பத்தில்.

உப்பளக்காரர்களுக்கு இந்தக் குழப்பமே கிடையாது. மரக்காணத்தை சங்ககால எயிற்பட்டினம் என்று ஆய்வாளர்கள் பலர் சொல்றாங்க, அவ்வளவு பழைய கடற்கரை இது. கடல் தண்ணியை ஒரே பாத்தியில் காயவிட்டா எல்லாம் கலந்து கசப்பாகத்தான் கிடைக்கும். அதனால பாத்தி பாத்தியாக நகர்த்துவாங்க. வெயிலில் சுண்ட ஆரம்பித்ததும் முதலில் விழுவது கால்சியம் கார்பனேட், அதுக்கப்புறம் ஜிப்சம். இவை முன் பாத்திகளிலேயே தங்கிவிடும். ஏறக்குறைய 25 டிகிரி வந்ததும் கடைசிப் பாத்தியில் நம்ம உப்பு பூக்கும். 30 டிகிரிக்குப் பக்கம் போனா மக்னீசியக் கசப்பு வரும், அந்தத் தண்ணியை வெளியே விட்டுடணும்.

டிகிரின்னா சூடு இல்லீங்க, அடர்த்தி. 1768-இல் அந்த அளவுகோலை உருவாக்கிய அந்துவான் போமே ஒரு பிரெஞ்சு மருந்தாளுநர், நம்ம ஆளு! 15 சதவீத உப்புக் கரைசலில் மிதக்கும் இடத்தை 15 என்று குறித்தார். பால்காரர் லாக்டோமீட்டரும் இதே தத்துவம்தான் (கும்பகோணம் 'டிகிரி' காபிக்கு அதிலிருந்துதான் பேர் வந்தது என்பது ஒரு பரவலான விளக்கம்). சிறுநீரின் அடர்த்தி பார்க்க நாங்க மருத்துவக் கல்லூரியில் பிடித்த யூரினோமீட்டரும் இதே குடும்பம்.

அதைச் சொன்னதால ஒரு நிமிஷம் விலகறேன். 'உப்புத் தண்ணி குடிச்சா கிட்னியில் கல் வருமா?'ன்னு கேட்பாங்க. பெரும்பாலான கற்களுக்கு முக்கியமான காரணம் தண்ணி குறைவாகக் குடிப்பது. சிறுநீர் சுண்டினா பாத்தி மாதிரியே உள்ளேயும் படிகம் விழும். வெயிலில் உப்பு வாரும் பெண்கள் பலர், ஒதுங்க இடமில்லை என்று காலையிலிருந்து தண்ணியே குடிக்காம இருப்பதாக என்னிடம் சொல்லியிருக்காங்க. அவங்களுக்கு மாத்திரை எழுதறதைவிட அங்கே ஒரு கழிப்பறை கட்டறது பெரிய வைத்தியம்.

சரி, மெஷினுக்கு வருவோம். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மன் வேதியியலாளர் ராபர்ட் கான்ஸ், ஜியோலைட் வகைப் பொருளை வைத்து தண்ணியை மென்மையாக்கும் வழியைக் கொண்டு வந்தார். இன்றைய சாஃப்ட்னரில் அதுக்குப் பதில் ரெசின். கால்சியத்தைப் பிடிச்சுக்கிட்டு சோடியத்தை விடும். நிறைஞ்சு போச்சுன்னா எதை ஊத்தி ரெசினைக் கழுவணும் தெரியுமா? உப்புக் கரைசல்! அதாவது பக்கத்துப் பாத்தியில் வாரிய உப்புதான் என் மெஷினைக் காப்பாத்தணும்.

பி.பி. இருக்கிறவங்க பயப்படாதீங்க. லிட்டருக்கு 300 மி.கி. கடினத்தன்மை உள்ள தண்ணியில் இப்படிச் சேரும் சோடியம் சுமார் 138 மி.கி. 40 மி.லி. காபியில் 5, 6 மி.கி.தான் வரும். ஊறுகாயைக் குறைங்க.

அந்தப் பழைய பாய்லரைக் கேட்டு வாங்கி வெச்சிருக்கேன். உள்ளே வெள்ளைப் படிவே இல்லை. ஊசி நுழையுற மாதிரி ஓட்டைகள் மட்டும். சாஃப்ட்னர் தன் வேலையைச் சரியா செஞ்சிருக்கு, கால்சியத்தை எடுத்திருக்கு. குளோரைடைத் தொடவே இல்லை. கடலோரக் கிணத்துத் தண்ணியில் இருந்த குளோரைடு, சூட்டோட சேர்ந்து 'துருப்பிடிக்காத' எஃகை புள்ளி புள்ளியா அரிச்சுடுச்சு. பாவோனி காலத்து பாய்லர்கள் செம்பு, பித்தளை. எஃகு அப்புறம் வந்தது. குடிநீருக்கான இந்தியத் தரத்தில் குளோரைடு லிட்டருக்கு 250 மி.கி. வரை ஏற்கத்தக்கது. மெஷின் தயாரிப்பாளர்கள் கேட்பது அதில் சிறு பங்குதான். நமக்கு நல்ல தண்ணி, மெஷினுக்கு விஷமா இருக்கலாம்.

டி.டி.எஸ். மீட்டரை நம்பி உட்காராதீங்க. மொத்தம் எவ்வளவுன்னு சொல்லுமே தவிர எந்த உப்புன்னு சொல்லாது. கடினத்தன்மை, குளோரைடு ரெண்டையும் தனித்தனியா லேபில் பார்த்துடுங்க. குளோரைடு அதிகம்னா ஆர்.ஓ. தவிர வழியில்லை. ஆனா வெறும் ஆர்.ஓ. தண்ணியும் வேண்டாம், காபி சப்பென்று இருக்கும். சில மெஷின்களில் தண்ணி மட்டம் பார்க்கும் சென்சார் மின்கடத்தலை வைத்து வேலை செய்யுது, ரொம்ப சுத்தமான தண்ணியை அது கண்டுபிடிக்காது.

படிவு எடுக்க அமிலம் விடுறீங்கன்னா, முடிஞ்சதும் நல்லா அலசணும். 2013-இல் ஜெர்மனியின் அரசு இடர் மதிப்பீட்டு நிறுவனம், கைப்பிடி எஸ்பிரஸோ மெஷின் ஒன்றில் படிவு நீக்கியதும் ஈயம் அதிகமா கரைஞ்சு வந்ததைப் பதிவு செஞ்சது. கர்ப்பிணியும் குழந்தையும் இருக்கிற வீட்டில் இது சின்ன விஷயம் இல்லை. முதல் சில டேங்க் தண்ணியைக் கீழே கொட்டிடுங்க.

இப்போ ரெண்டாவது மெஷின். ஆர்.ஓ. தண்ணியில் கொஞ்சம் பேரூராட்சிக் குழாய்த் தண்ணி கலந்து ஊத்தறேன், அதையும் சோதிச்சுப் பார்த்த பிறகுதான். அம்மா மட்டும் இன்னும் பித்தளை ஃபில்டரை விடலை. "இதுக்கு என்னடா ரிப்பேர் இருக்கு?"ன்னு கேட்கிறாங்க.

உங்க ஊர்த் தண்ணியோட குளோரைடு அளவு தெரிஞ்சவங்க கீழே போடுங்க. கடலூர், நாகப்பட்டினம், தூத்துக்குடிக்காரங்க முக்கியமா.