விமர்சிக்கப்பட்டவரே விசாரணை அதிகாரி: ஜேம்ஸ் பால்ட்வினின் எஃப்.பி.ஐ. கோப்பு

அமெரிக்க நாவலாசிரியர் ஜேம்ஸ் பால்ட்வினைப் பற்றி அந்நாட்டின் கூட்டாட்சிப் புலனாய்வுப் பணியகமான எஃப்.பி.ஐ. சேர்த்துவைத்த கோப்பு 1,884 பக்கங்கள் கொண்டது. சக எழுத்தாளர்களுள் ரிச்சர்ட் ரைட்டின் கோப்பு 276 பக்கம். ட்ரூமன் கபோட்டியுடையது 110 பக்கம். ஆபாச வழக்குகளால் நாடெங்கும் பேசப்பட்ட ஹென்றி மில்லருடையது 9 பக்கம் மட்டுமே. இந்த ஒப்பீட்டை முன்வைத்தவர், கறுப்பின எழுத்தாளர்கள் மீதான எஃப்.பி.ஐ. கோப்புகளை விரிவாக ஆராய்ந்த வில்லியம் மாக்ஸ்வெல். பால்ட்வின் மீது அப்பணியகம் ஒரு வழக்கைக்கூடத் தொடுத்ததில்லை. அவர் ஆயுதக் குழு எதிலும் இருந்ததில்லை. அப்படியிருக்க இத்தனை பக்கங்கள் ஏன் தேவைப்பட்டன? பனிப்போர்க் கால அச்சம் என்றும், இயக்குநர் ஜே. எட்கர் ஹூவரின் இனவெறுப்பு என்றும் இரண்டு விடைகள் வழக்கமாகத் தரப்படுகின்றன. இரண்டும் உண்மையே. ஆனால் கோப்பு எந்தத் தருணங்களில் பருத்தது என்பதைப் பார்த்தால் மூன்றாவது காரணம் ஒன்று புலப்படுகிறது. பால்ட்வின் காவல் அமைப்புகளை, குறிப்பாக எஃப்.பி.ஐ.யை, வெளிப்படையாகக் குற்றம் சாட்டினார். குற்றம் சாட்டப்பட்ட அமைப்பே அவர் ஆபத்தானவரா என்று தீர்மானிக்கும் இடத்திலும் இருந்தது. இந்த இரட்டை நிலைதான் கண்காணிப்பின் அடிப்படைப் பிழை என்பதும், நல்ல அதிகாரிகளை அமர்த்துவதால் மட்டும் அதைத் திருத்த முடியாது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

எழுத்தில் காவலரின் இடம்

ஹூவர் பணியகத்தின் தலைமைப் பொறுப்பை ஏற்றது 1924 மே மாதம். அதே ஆண்டு ஆகஸ்டில் நியூயார்க்கின் ஹார்லெமில் பால்ட்வின் பிறந்தார். காவலர் என்பவர் அவர் எழுத்தில் கதைக்கு வேண்டும்போது வந்துபோகும் துணைப்பாத்திரம் அல்லர். கறுப்பினக் குடியிருப்பில் அரசு எந்த முகத்தோடு நுழைகிறது என்ற கேள்விக்கு அவர் கண்ட விடையே காவலர். 1960இல் ஹார்லெம் பற்றி எழுதிய கட்டுரையில் அங்கு ரோந்து வரும் காவலரை அந்நிய மண்ணில் நிறுத்தப்பட்ட படைவீரரோடு ஒப்பிட்டார். 1965இல் வெளியான ‘கோயிங் டு மீட் த மேன்’ சிறுகதை முழுவதையும் தென்மாநிலத்து வெள்ளையினத் துணை ஷெரிஃப் ஒருவரின் மனத்துக்குள்ளிருந்தே சொன்னார். சிறுவயதில் பெற்றோரோடு சென்று கண்ட ஒரு படுகொலை அம்மனிதரை எப்படி உருவாக்கியது என்பதே கதை. 1966இல் ‘த நேஷன்’ இதழில் ஹார்லெம் இளைஞர்கள் போலீஸாரிடம் பட்ட வதையைப் பற்றி நீண்ட கட்டுரை வெளியிட்டார். 1974இல் வந்த ‘இஃப் பீல் ஸ்ட்ரீட் குட் டாக்’ நாவலில், காவலர் ஒருவரின் வன்மத்தால் செய்யாத குற்றத்துக்குச் சிறை செல்கிறான் ஓர் இளைஞன். இவை எல்லாவற்றிலும் தனிக் காவலரின் கொடுமையைக் காட்டிலும் அவரை அங்கே அனுப்பிய சமூகத்தின் பொறுப்பே பால்ட்வினின் இலக்கு. தனிமனிதத் தவறு என்று சொல்லித் துறை தப்பித்துக்கொள்ளும் வழியை இந்தப் பார்வை அடைத்துவிடுகிறது. அதனால்தான் அது துறைக்கு அத்தனை உறுத்தலாக இருந்தது.

கோப்பு பருத்த தருணங்கள்

கியூபாவுக்கு நியாயம் கோரிய குழு ஒன்றுக்கு 1960இல் பால்ட்வின் ஆதரவளித்தது பணியகத்தின் கவனத்தை ஈர்த்தது. ஆனால் கோப்பின் போக்கை மாற்றியது 1963ஆம் ஆண்டு. அவ்வாண்டு ‘த ஃபயர் நெக்ஸ்ட் டைம்’ வெளியானது; மே மாதம் ‘டைம்’ வார இதழின் அட்டையில் அவர் முகம் வந்தது. அலபாமா மாநிலத்தின் பர்மிங்ஹாமில் கறுப்பினச் சிறுவர்கள்மீது நாய்களும் தண்ணீர்க் குழாய்களும் ஏவப்பட்டபோது, அட்டர்னி ஜெனரல் ராபர்ட் கென்னடிக்கு அனுப்பிய தந்தியில் அந்த வன்முறைக்குப் பொறுப்பானவர்கள் வரிசையில் ஹூவரின் பெயரையும் சேர்த்தார். மே 24 அன்று நியூயார்க்கில் கென்னடியும் பால்ட்வின் அழைத்துவந்தவர்களும் சந்தித்தனர். பேச்சு கசப்பில் முடிந்தது. அக்டோபர் 7 அன்று அலபாமாவின் செல்மாவில் நூற்றுக்கணக்கான கறுப்பினத்தவர் வாக்காளர் பதிவுக்காக வரிசையில் நின்றபோது பால்ட்வினும் அங்கிருந்தார். வரிசையில் நின்றவர்களுக்கு உணவும் நீரும் கொண்டுசென்ற தொண்டர்கள் தாக்கப்பட்டனர். கூட்டாட்சி அரசுக் கட்டடத்தின் படிகளில் பதாகை பிடித்து நின்றவர்களை ஷெரிஃப் ஜிம் கிளார்க்கின் ஆட்கள் கைதுசெய்தனர். எஃப்.பி.ஐ. அதிகாரிகள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றனர்.

எஃப்.பி.ஐ. மீது பால்ட்வின் வைத்த குற்றச்சாட்டின் சாரம் செல்மாவில் கண்கூடாகத் தெரிந்தது. பணியகம் விசாரிக்கும் அமைப்பே தவிர, மக்களுக்குக் காவல் நிற்கும் போலீஸ் அல்ல என்பதே ஹூவர் எப்போதும் சொல்லிவந்த பதில். ஆனால் தம் கண்முன் நடக்கும் கூட்டாட்சிக் குற்றத்துக்காக ஒருவரைக் கைதுசெய்யும் அதிகாரத்தை அமெரிக்கச் சட்டம் எஃப்.பி.ஐ. அதிகாரிகளுக்கு வழங்கியிருந்தது. தாக்கியவர்மீது அவ்வதிகாரம் பயன்படவில்லை. தாக்குதலைப் பற்றி எழுதக்கூடியவரைக் குறித்த பதிவுகளோ தொடர்ந்து பெருகின. ஆள்பலமோ சட்டமோ போதவில்லை என்ற வாதத்தை இந்த முரணே முறியடிக்கிறது. அதிகாரம் இருந்தது, அது எங்கே செலவிடப்பட்டது என்பதே கேள்வி. 1964 நவம்பரில் மார்ட்டின் லூதர் கிங்கை நாட்டிலேயே பெரிய பொய்யர் என்று செய்தியாளர்களிடம் ஹூவர் சாடியதற்கும் இதே குறைகூறல்தான் பின்னணி: தென்மாநிலங்களில் எஃப்.பி.ஐ. அதிகாரிகள் கறுப்பின மக்களின் புகார்களை உரியபடி கவனிப்பதில்லை என்று கிங் சொல்லியிருந்தார்.

பால்ட்வின் எஃப்.பி.ஐ. பற்றியே ‘த பிளட் கவுன்டர்ஸ்’ என்ற நூலை எழுதத் திட்டமிட்டிருந்தார். அவர் அப்படி எழுதப்போகிறார் என்ற பேச்சு, கிங்கின் ஆலோசகர்களான ஸ்டான்லி லெவிசன், கிளாரன்ஸ் ஜோன்ஸ் ஆகியோரைக் குறிவைத்த ஒட்டுக்கேட்பு வழியாகவும் தலைமையகத்தை எட்டியது. அன்றைய நடைமுறைப்படி இத்தகைய ஒட்டுக்கேட்புக்கு நீதிமன்ற ஆணை தேவையில்லை. அட்டர்னி ஜெனரலின் கையொப்பம் போதும். ஜோன்ஸின் தொலைபேசிக்கான ஒப்புதலை 1963 ஜூலையில் அளித்தவர் ராபர்ட் கென்னடி. மே 24 சந்திப்பில் பால்ட்வினோடு வந்து அவர் எதிரே அமர்ந்திருந்தவர்களுள் ஜோன்ஸும் ஒருவர். எஃப்.பி.ஐ.க்கு மேலே ஒரு சரிபார்ப்பு இருந்தது என்று இதைக் காட்டி யாரேனும் வாதிட முடியுமா? சரிபார்த்தவரே இரண்டு மாதங்களுக்கு முன் அதே குழுவிடம் கண்டனம் கேட்டவர். பாதுகாப்பு அதிகாரமும் தன்மான உணர்வும் ஒரே மேசையில் கலந்திருக்கையில், எது எதை ஏவியது என்று அந்த மேசைக்கு உரியவராலேயே பிரித்துச் சொல்ல முடியாது. கென்னடியின் நேர்மையை ஐயுறாமலேயே இந்த முடிவுக்கு வரலாம்.

இன்னொரு நாவலாசிரியர்

நற்பெயரைக் காக்கும் நோக்கம் கண்காணிப்பில் எவ்வளவு பங்கு வகித்தது என்பதை அறிய, இனக் காரணி இல்லாத வேறொரு நிகழ்வு வேண்டும். அது ரெக்ஸ் ஸ்டவுட்டின் அனுபவம். வெள்ளையினத்தவர், கம்யூனிசத்தைக் கடுமையாக எதிர்த்தவர், நீரோ உல்ஃப் என்னும் துப்பறிவாளரைப் படைத்துப் பெரும் வாசகர் கூட்டத்தைப் பெற்றவர். 1965இல் அவர் எழுதிய ‘த டோர்பெல் ராங்’ துப்பறியும் நாவலில் எஃப்.பி.ஐ.யே எதிர்த்தரப்பு. ஸ்டவுட்டின் கோப்பில் ஏறத்தாழ நூறு பக்கங்கள் இந்த ஒரு நாவலைப் பற்றியவை என்று, எழுத்தாளர்கள் மீதான கோப்புகளை ஆராய்ந்த ஹெர்பர்ட் மிட்காங் காட்டினார். நாவல் குறித்த விசாரிப்புகளைக் குற்றப் பதிவுப் பிரிவுக்கு அனுப்பும்படி உத்தரவு போனது. பெயர் அப்படியிருந்தாலும், பத்திரிகைகளையும் பொதுமக்கள் தொடர்பையும் கவனித்துப் பணியகத்தின் மதிப்பைக் காத்த பிரிவு அது. பால்ட்வின் பற்றிய குறிப்புகள் பலவும் அப்பிரிவிலேயே எழுதப்பட்டன. ஆக, விமர்சனமே கோப்பை வளர்க்கும் காரணமாக அமையும் என்பதை ஸ்டவுட்டின் நிகழ்வு உறுதிசெய்கிறது. விமர்சகர் கறுப்பினத்தவராக இருந்தால் விளைவு எவ்வளவு கடுமையாகும் என்பதைப் பால்ட்வினின் நிகழ்வு காட்டுகிறது. நெருக்கடி நிலை வந்தால் பிடித்துவைக்க வேண்டியவர்களுக்கான பாதுகாப்புப் பட்டியலில் அவர் பெயர் ஏறியது. இன வெறுப்பும் நிறுவனத்தின் தற்காப்பும் இங்கே ஒன்றையொன்று வலுப்படுத்தின.

பணியகத்துக்குள் இருந்தவர்கள் இலக்கியம் அறியாதவர்கள் என்று எண்ணிவிடக் கூடாது. 1962இல் வெளிவந்த ‘அனதர் கன்ட்ரி’ நாவல் ஆபாசமானதா என்று ஆராய்ந்த உள்குறிப்பு, அதற்கு இலக்கிய மதிப்பு உண்டு என்ற முடிவுக்கே வந்தது. பால்ட்வினின் பாலியல் நாட்டம் பற்றி 1964இல் ஹூவர் கேள்வி எழுப்பியபோது, ஒரு கருப்பொருளைப் பரிவோடு எழுதுவது எழுதியவரைப் பற்றிய சான்றாகாது என்ற பொருளில் விடை வந்தது. கதையையும் கதாசிரியரையும் பிரித்தறியும் வாசிப்பு அங்கே இருந்தது. ஆயினும் அந்த வாசிப்பால் கண்காணிப்பு நிற்கவில்லை. அறியாமைதான் நோய் என்றால் இந்த அறிவே மருந்தாகியிருக்க வேண்டும். அப்படி ஆகாததற்குக் காரணம், கோப்பைத் தொடர்வதா மூடுவதா என்ற முடிவு தேர்ந்த வாசகர்களிடம் இல்லாமல், விமர்சனத்தால் காயம்பட்ட தலைமையிடம் இருந்ததுதான்.

மூன்று மறுப்புகள்

இவ்வாதத்துக்கு எதிராக முதலில் சொல்லப்படுவது பாதுகாப்பு. கியூபா நெருக்கடி உலகைப் போரின் விளிம்புக்குக் கொண்டுசென்ற காலம் அது. கியூபா ஆதரவுக் குழுவோடு தொடர்பிருந்த ஒருவரைக் கவனிப்பது அரசின் கடமை என்று கேட்கலாம். தொடக்க விசாரணைக்கு இதை நியாயமாக ஏற்கலாம். ஆனால் பாதுகாப்பு விசாரணை ஒரு கேள்வியோடு தொடங்கி ஒரு விடையோடு முடிய வேண்டும். ஒற்றாடலோ சதியோ இங்கே எந்த ஆண்டிலும் வெளிப்படவில்லை. இருந்தும் கோப்பு 1974 வரை நீண்டது. விடை கிடைத்த பிறகும் ஒரு விசாரணை தொடர்கிறதென்றால், அதன் உண்மையான கேள்வி வேறெங்கோ இருக்கிறது.

இரண்டாவது மறுப்பு, தீங்கு எங்கே என்பது. பால்ட்வின் எழுத்தை நிறுத்தவில்லை, புகழும் குன்றவில்லை என்பார்கள். ‘த பிளட் கவுன்டர்ஸ்’ வெளிவராமற்போனதன் பழியை வேவின்மீது மட்டும் சுமத்தவும் முடியாது. ஆனால் இந்த மறுப்பு, துணிந்தவரின் துணிவையே அவருக்கு எதிரான சான்றாக்குகிறது. 1972இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், குடிமக்களின் அரசியல் செயல்பாட்டை ராணுவம் வேவுபார்த்ததை எதிர்த்த லேர்ட் - டேட்டம் வழக்கை 5-4 என்ற பெரும்பான்மையில் தள்ளியது. கண்காணிப்பால் பேச்சுரிமை ஒடுங்குகிறது என்ற அச்சம் மட்டும் போதாது, குறிப்பான தீங்கைக் காட்ட வேண்டும் என்றது தீர்ப்பு. இந்தத் தருக்கத்தை எழுத்தாளர்களுக்குப் பொருத்திப் பாருங்கள். வேவு பார்க்கப்படுவதை அறியாதவர் வழக்குத் தொடுக்க இயலாது. அறிந்தும் எழுதுபவருக்குத் தீங்கில்லை என்று சொல்லிவிடலாம். அஞ்சி எழுதாமல் விட்டவரிடம் காட்டுவதற்கு நூலே இருக்காது. மூவருக்கும் நீதிமன்றக் கதவு மூடிக்கொள்கிறது. தீங்கை நூற்பட்டியலில் தேடுவதே தவறு. குடிமகனுக்கும் அவரால் கேள்வி கேட்கப்படும் அதிகாரத்துக்கும் இடையிலான உறவு மாறிவிட்டதே தீங்கு: ஒருவர் பொதுவெளியில் பெயரிட்டுப் பேசுகிறார், மற்றவர் அவருடைய நண்பரின் தொலைபேசியில் மறைந்து கேட்கிறார்.

மூன்றாவது மறுப்பு, இவையெல்லாம் ஹூவர் என்ற ஒரு மனிதரின் கோணல் என்பது. அவரோடு அது முடிந்தது என்பது. ஆனால் அவர் 1972 மே மாதம் மறைந்த பின்னரும் பால்ட்வினின் கோப்பு இரண்டு ஆண்டுகள் மூடப்படவில்லை. லேர்ட் - டேட்டம் வழக்கில் வேவுபார்த்தது ஹூவரின் கட்டுப்பாட்டில் இல்லாத ராணுவம். 1975-76இல் செனட்டர் ஃபிராங்க் சர்ச் தலைமையிலான குழு வெளிக்கொணர்ந்த முறைகேடுகளில் சி.ஐ.ஏ.யும் தேசியப் பாதுகாப்பு முகமையும் இடம்பெற்றன. ஒரு மனிதரைக் குற்றவாளியாக்கினால் அமைப்பு நிம்மதியடைகிறது. தனிக் காவலரோடு நின்றுவிடக் கூடாது என்று பால்ட்வின் தம் கதைகளில் வற்புறுத்தியது இந்த இடத்துக்கும் பொருந்துகிறது.

முடிவு

சர்ச் குழுவின் விசாரணையை ஒட்டி, அட்டர்னி ஜெனரல் எட்வர்ட் லெவி 1976இல் எஃப்.பி.ஐ.யின் உள்நாட்டுப் பாதுகாப்பு விசாரணைகளுக்கு வரம்பு விதித்தார். கருத்துக்காக மட்டும் ஒருவரைத் தொடரும் பழக்கத்துக்கு அது கடிவாளமிட்டது. ஆனால் அது நாடாளுமன்றம் இயற்றிய சட்டமல்ல. துறையின் வழிகாட்டு நெறி. 1983, 2002, 2008 ஆண்டுகளில் அடுத்தடுத்து வந்த அட்டர்னி ஜெனரல்கள் அதைத் திருத்தித் தளர்த்தினர். தனக்குத் தானே இட்ட வேலியைத் தானே விலக்கிக்கொள்ளும் உரிமை நிர்வாகத்திடமே தங்கிவிட்டது. பால்ட்வினின் கோப்பிலிருந்து கற்க வேண்டிய நெறி இதைவிடக் கண்டிப்பானது. காவல் அமைப்பை விமர்சிக்கும் எழுத்தாளரை அந்த அமைப்பே கண்காணிக்க விரும்பினால், அந்த விமர்சனமே சந்தேகத்தைக் கண்காணிப்புக் கோரிக்கையின் பக்கம் திருப்ப வேண்டும். குற்றத்துக்கான குறிப்பான ஆதாரத்தை அமைப்புக்கு வெளியே உள்ள நீதிபதி முன் வைக்க வேண்டும், காலவரையறை வேண்டும், ஆதாரம் கிடைக்காதபோது கோப்பு மூடப்பட்டு, உரியவருக்குத் தெரிவிக்கப்பட வேண்டும். இவற்றால் உண்மையான பாதுகாப்புப் பணி எதுவும் கெடாது. ஒற்றரையும் சதிகாரரையும் பிடிக்கத் தேவையான ஆதாரத்தை நீதிபதியிடம் காட்டுவது கடினமல்ல. காட்ட முடியாமற்போவது தன் பெயர் கெடுகிறது என்ற காரணம் ஒன்றைத்தான். அந்தக் காரணத்துக்காக ஒரு குடியரசு தன் நாவலாசிரியர்மீது ஒரு பக்கம்கூட எழுதிவைக்கக் கூடாது.