மனுஷ்ய மிஸ்ஸிங்

மும்பை போலீஸ் நிலையங்களில் காணாமல் போனவர்களுக்கென்று தனிப் பதிவேடு உண்டு. மராத்தியில் அதை ‘மனுஷ்ய மிஸ்ஸிங்’ என்பார்கள். பெயர், வயது, உயரம் என்று ஆரம்பித்து உடல்வாகு, நிறம், முகம், முடி, உடுத்தியிருந்த துணி, பேசத் தெரிந்த மொழி என்று கேள்வி போகும். நிறத்துக்கு வந்ததும் எங்கள் ஆட்களைக் கேட்காமலே ஹவல்தார் ‘சாவ்ளா’ என்று எழுதிவிடுவார், மாநிறத்துக்கும் கறுப்புக்கும் சேர்த்து. தாராவியில் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் நான் வேலை பார்த்த வருஷங்களில், ஆள் காணவில்லை என்று அழுதுகொண்டு வருகிறவர்களுக்கு மனு எழுதிக் கொடுப்பதும் கூடப் போய் நிற்பதும் என் பொறுப்பாகிவிட்டது. மராத்தி எழுதப் படிக்கத் தெரிந்த தமிழ்ப் பெண்கள் லேபர் கேம்ப்பில் அன்றைக்கு அதிகம் இல்லை. (மாட்டுங்கா லேபர் கேம்ப் என்று பெயர், இருப்பது தாராவியில்.) மனுவில் எதை எழுதுவது என்பதற்கு ஐந்து நிமிஷம் போதும். எதை எழுதாமல் விடுவது என்பதில்தான் இரவு போய்விடும்.

போலீசிடம் போவது என்பதே பிற்பாடு வந்த பழக்கம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் தோல் ஷாப்புகள் தாராவிப் பக்கம் வளர்ந்தபோது, திருநெல்வேலிச் சீமையிலிருந்து தமிழ் முஸ்லிம்களும் ஆதிதிராவிடரும் அந்த வேலைக்கு வந்தார்கள். நாடார்களும் பிறரும் பின்னால் வந்தார்கள். அதிலிருந்தே ஊரில் அடி வாங்கின பையனும், பரீட்சையில் தோற்றவனும், கடன்காரனும் ரயிலேற ஒரு திசை கிடைத்துவிட்டது. ‘பம்பாய்க்கு ஓடிட்டான்’ என்றால் அதற்கு மேல் விளக்கம் யாரும் கேட்கவில்லை. தேடி வருகிற அப்பாவும் குண்டக்கல் வழியாக அதே ரயிலில் வந்து இறங்கி, தன் ஊர்க்காரர்கள் கூட்டாக வாடகைக்கு எடுத்திருக்கும் அறையை விசாரித்துக்கொண்டு போவார்.

அந்த அறையில் நடப்பதை என் மாமனார் விவரிப்பார். அவர் ஒரு தோல் கிடங்கில் கணக்கு எழுதியவர். ஊர்ப்பெரியவர் என்று அறையில் மரியாதை. பையன் எங்கே என்று அவருக்குத் தெரியும். இருந்தாலும், “விசாரிச்சுப் பாக்கேன், நீரு சாப்பிட்டுட்டுப் படும்” என்றுதான் தகப்பனாரிடம் சொல்வாராம். ராத்திரி பையன் வேலை செய்கிற கடைக்குப் போய், “உங்கய்யா வந்திருக்காரு. பாக்கியாலே, போகச் சொல்லட்டுமா?” என்று கேட்பார். பார்க்க மாட்டேன் என்றால் மறுநாள் தகப்பனாரிடம், “பய நல்லாயிருக்கான், சாப்பாட்டுக்குக் குறைவில்ல, ஆறு மாசத்துல காகிதம் போடுவான்” என்று சொல்லி ரயிலேற்றிவிடுவது. உயிரோடு இருக்கிறான் என்ற செய்தி அப்பனுக்கு. இருப்பிடத்தைச் சொல்வதா வேண்டாமா என்பது மகன் பாடு. எந்தச் சட்டமும் சொல்லித் தராத நாளில் தோல் நாற்றமடித்த ஓர் அறையில் இப்படியொரு ஒழுங்கு இருந்திருக்கிறது.

ஓடி வந்தது பெண்ணாக இருந்தால்? “அதெப்படிக் கேக்க முடியும்? அன்னைக்கே டிக்கெட் எடுத்து அனுப்பிர வேண்டியதுதான்” என்பார் அதே மாமனார், கொஞ்சமும் தயங்காமல். இந்த இரண்டாவது வழக்கம்தான் நூறு வருஷம் நீடித்தது.

மாட்டுங்காவின் கதை வேறு. பாலக்காட்டிலிருந்தும் தஞ்சாவூரிலிருந்தும் குமாஸ்தா வேலைக்கு வந்தவர்கள் குடியேறிய இடம். 1932-இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் தொடங்கியாயிற்று. 1942-இல் ராம நாயக்கின் உடுப்பி போர்டிங் வந்து தனியாட்களின் சாப்பாட்டுக் கவலை தீர்ந்தது. கதவும் தாழ்ப்பாளும் உள்ள வீடுகள். அங்கே ஒரு பையன் காணாமல் போனால் பக்கத்து ஃபிளாட்டுக்குத் தெரியாது. ‘டெல்லியில் பெரியப்பாவிடம் போயிருக்கான்’ என்று ஒரு வருஷம் ஓட்டுவார்கள். பத்திரிகையில் சின்னதாக ஒரு விளம்பரம் மட்டும் வரும்: இனிஷியல், அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, உடனே வரவும், யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். படமும் விலாசமும் இருக்காது. அது ஊராருக்கான அறிவிப்பே கிடையாது. ஓடிப்போன ஒருவனுக்கு மட்டும் புரிகிற மாதிரி ஊரறியப் போட்ட கடிதம். பத்துக்குப் பத்து அறையில் எட்டுப் பேர் இருக்கும் தாராவியில் இந்த வசதி எப்படிக் கிடைக்கும்? மகள் வீட்டுக்கு வரவில்லை என்பது குழாயடியில் தெரிந்த பிறகுதான் அம்மாவுக்கே தெரியும்.

அரசாங்கம் இதற்குள் தன் வழியில் வந்துகொண்டிருந்தது. டேவிட் சசூன் பெயரிலான சீர்திருத்தத் தொழிற்பள்ளி 1857-இலேயே ஏற்பட்டது. இன்று மாஹிமில் இருக்கிறது. 1924-இல் பம்பாய்க் குழந்தைகள் சட்டம், 1927-இல் சில்ட்ரன்ஸ் எய்ட் சொசைட்டி. டோங்கிரியிலும் மான்கூர்டிலும் குழந்தைகள் இல்லங்கள். 1959-இல் பிச்சை எடுப்பதைத் தடுக்கும் சட்டம் வந்தது; செம்பூரில் பிச்சைக்காரர் இல்லம் உண்டு. பிடித்துக்கொண்டு வரப்பட்டவர் என்ன பெயர் சொல்கிறாரோ அதுதான் அந்த ஏடுகளில் ஏறும். ஒரு காப்பகத்துக்கு மொழிபெயர்க்கப் போனபோது பார்த்தேன்: பத்து வயதுப் பையன், திங்கட்கிழமை முருகன், வியாழக்கிழமை அந்தோணி. ஊர் கேட்டால் மதுரை என்பான், பேச்சோ அப்பட்டமான தூத்துக்குடி. அதிகாரிக்குக் கோபம். எனக்கு அந்தப் பயலைப் பிடித்துப்போயிற்று. சட்டை கூட அவனுடையது இல்லை. பெயர் ஒன்றுதான் கையிருப்பு, அதை ஏன் முதலில் கேட்டவரிடம் கொடுக்க வேண்டும்? காப்பகத்தில் என் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றவன், ஒரு மாதம் கழித்து தானாகவே உண்மைப் பெயரைச் சொன்னான். அப்பாவிடம் சொல்லக் கூடாது, ஆச்சியிடம் மட்டும் சொல்லலாம் என்பது நிபந்தனை.

1972 அக்டோபர் 2-ஆம் தேதி பம்பாய் தூர்தர்ஷன் ஆரம்பமானது. பிற்பாடு அதில் வந்த ஒரு சின்ன நிகழ்ச்சி மகாராஷ்டிரம் முழுக்கப் பிரசித்தம்: ‘ஆபண் யான்னா பாஹிலத் கா?’ இவர்களைப் பார்த்தீர்களா என்று கேட்டு, ஒரு படத்தைக் காட்டி, வயது, உயரம், நிறம், துணி, மொழி என்று அந்தப் பதிவேட்டில் உள்ளதையே வாசிப்பார்கள். குடியிருப்புக்கு ஒரு டிவி இருந்த காலம். மொத்தச் சந்தும் ஒரு வாசலில் உட்கார்ந்து பார்த்தது. ஞாபகமறதி வந்த கிழவர்களும், புத்தி சுவாதீனம் குறைந்தவர்களும், வழி தவறிய குழந்தைகளும் அதனால் வீடு திரும்பியிருப்பார்கள், அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் பெண் பிள்ளையைப் பெற்றவர்களுக்கு அது நடுக்கம். “படத்த மட்டும் குடுத்துராதீய டீச்சர். நாளைக்கு எவன் கட்டுவான்?” என்று மனுவைப் பிடுங்கிக்கொண்டு போன தாய்மார் உண்டு. சித்தி வீட்டிலிருந்து நாலாம் நாள் திரும்பி வந்த ஒரு பெண்ணுக்கு, கல்யாணமாகிக் குழந்தை பெற்ற பிறகும் ‘டிவியில வந்தவ’ என்ற பட்டம் போகவில்லை.

செம்பூரை அடுத்த தேவ்னாரில் இருக்கும் டாடா சமூக அறிவியல் கழகத்துக்கு இந்த வரலாற்றில் ஓர் இடம் உண்டு. 1984-இல் அவர்கள் கிராஃபோர்ட் மார்க்கெட் போலீஸ் தலைமையகத்துக்குள்ளேயே சமூகப் பணியாளர்களை உட்கார வைத்து, பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் ஒரு சிறப்புப் பிரிவு தொடங்கினார்கள். 1996-இல் அந்தக் கழகத்தில் ஆசிரியையாக இருந்த ஜெரூ பில்லிமோரியாவின் முயற்சியில் 1098 என்ற உதவித் தொலைபேசி எண் வந்தது. வீடில்லாத பிள்ளையே இலவசமாகக் கூப்பிடலாம் என்பது புதுமை. அதுவரை பிள்ளையைப் பற்றிப் பெரியவர்கள்தான் புகார் எழுதினார்கள். பிள்ளை தன் வாயால் சொல்வதைக் கேட்க ஆள் உட்கார்ந்தது அப்போதுதான்.

பிறகு சட்டங்களின் காலம். இங்கேதான் ஒரு வேடிக்கை. 2000-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம், 2006-இல் திருத்தப்பட்ட பிறகு, பாதுகாப்பு தேவைப்படும் குழந்தையின் பெயர், படம், பள்ளி எதையும் பத்திரிகை வெளியிடக் கூடாது என்றது. 2015-இல் வந்த புதுச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு அதையே இன்னும் இறுக்கி, மீறினால் ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்றது. பாதுகாப்பு தேவைப்படும் குழந்தை யார் என்று அதே சட்டம் தரும் பட்டியலில் காணாமல் போன குழந்தையும் ஓடிப்போன குழந்தையும் இருக்கிறார்கள். ஆக, முகத்தை ஊரெல்லாம் காட்டினால்தான் கிடைப்பான். அவனோ முகத்தைக் காட்டக் கூடாத பட்டியலில் இருக்கிறான். குழந்தையின் நன்மைக்கென்றால் குழந்தைகள் நலக் குழு எழுத்தில் அனுமதி தரலாம் என்று ஒரு வாசல் விட்டிருக்கிறார்கள். போஸ்டர் ஒட்டப் பசை கலக்கிக்கொண்டு நிற்கிற அண்ணனுக்கு அந்த வாசல் எங்கே தெரியப் போகிறது?

உச்ச நீதிமன்றம் 2002 நவம்பரில், ஹோரிலால் வழக்கில், காணாமல் போனவரின் படத்தை ஒரு வாரத்துக்குள் பத்திரிகையிலும் டிவியிலும் ரயில் நிலையங்களிலும் வெளியிட வேண்டும் என்று உத்தரவிட்டது. கூடவே ஒரு விலக்கு: பெண் என்றால், மைனரோ மேஜரோ, பெற்றோர் அல்லது காப்பாளரின் எழுத்துபூர்வமான சம்மதம் இல்லாமல் படம் வெளிவரக் கூடாது. முதலில் கேள்விப்பட்டபோது, அந்தத் தாய்மாரின் நடுக்கத்தை டெல்லி கேட்டுவிட்டதே என்று சந்தோஷமாகத்தான் இருந்தது. யோசிக்க யோசிக்க நெருடியது. முப்பது வயதுப் பெண்ணின் முகத்துக்கும் அப்பன் கையெழுத்தா? காப்பாற்றப்படுவது அவளா, வீட்டின் பெயரா? என் மாமனாரின் அறையில் பையனைக் கேட்டார்கள், பெண்ணைக் கேட்கவில்லை. நீதிமன்றமும் அந்த இடத்தில் மாமனார் பக்கம்தான்.

2013 மே மாதம் ‘பச்பன் பச்சாவ் ஆந்தோலன்’ வழக்கில், குழந்தை காணவில்லை என்றால் கடத்தல் என்றே கருதி முதல் தகவல் அறிக்கை பதியவேண்டும் என்று தீர்ப்பானது. அதுவரை பெரும்பாலும் ‘காதலனோடு போயிருக்கும், ரெண்டு நாள் பாருங்க’ என்பதுதான் பதில். அந்தத் தீர்ப்பைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை.

அதே 2013 ஜனவரியில் அந்தேரியில் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி காணாமல் போனாள். டி.என். நகர் காவல் நிலையத்தின் உதவி சப்-இன்ஸ்பெக்டர் ராஜேந்திர போஸ்லே, 2008-லிருந்து அங்கே பதிவான 166 சிறுமிகளில் 165 பேர் கிடைத்துவிட்டதைப் பார்த்தவர். இவள் ஒருத்தியைக் கண்டுபிடிக்காமலே 2015-இல் ஓய்வு பெற்றார். பத்திரிகைகளில் அவள் பெயர் ‘166-ஆம் பெண்’. 2022 ஆகஸ்டில் கிடைத்தாள், தன் வீட்டுக்கு வெகு அருகிலேயே. அவள் வேலை பார்த்த வீட்டுக்கு வந்த இன்னொரு பணிப்பெண் இணையத்தில் தேடி அந்தப் பழைய போஸ்டரைக் கண்டெடுத்தாள். அதிலிருந்த ஃபோன் எண்களில் பக்கத்து வீட்டுக்காரருடைய ஒன்றுதான் இன்னும் வேலை செய்தது. ஒன்பது வருஷம் அவள் முகம் வெளியே கிடந்ததால் அவள் மீண்டாள். மீண்ட அன்றிலிருந்து அந்த முகத்தை மறைக்கச் சொல்கிறது சட்டம். இரண்டும் நியாயம் என்பதுதான் சங்கடம்.

வளர்ந்தவர்கள் விஷயத்தில் எனக்குச் சங்கடமே இல்லை. நெல்லையிலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் சாதி மாறிக் காதலித்தவர்கள் தாராவிக்கு வருவது பழைய வழக்கம். இங்கே கூட்டமே மறைவு. பின்னாலேயே தமிழ்நாட்டில் கொடுத்த ‘பெண்ணைக் காணவில்லை’ புகாரும், ஃபோன் டவரை வைத்துக்கொண்டு இரண்டு போலீஸ்காரர்களும், அவர்கள் வண்டியிலேயே அப்பாவும் வந்து இறங்குவார்கள். கண்ணகி–முருகேசன் கதை தெரிந்த யாரும் இதை லேசாக எடுக்க முடியாது. 2003 ஜூலையில், விருத்தாசலம் பக்கம், ரகசியமாகத் திருமணம் செய்துகொண்டு ஆளுக்கோர் இடத்தில் இருந்த இருவரையும், முருகேசனின் உறவினரை அடித்து இடத்தைத் தெரிந்துகொண்டு இழுத்து வந்து, விஷம் கொடுத்துக் கொன்றார்கள். 2021-இல் கடலூர் நீதிமன்றம் தண்டித்தவர்களில் போலீஸ்காரர்கள் இருவர். 2025-இல் உச்ச நீதிமன்றம் தண்டனையை உறுதி செய்தது. ஒரு விலாசத்துக்கு என்ன விலை என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

பதினெட்டு முடிந்தவள் கிடைத்தால், அவளைத் தனியாக உட்கார வைத்து வாக்குமூலம் வாங்கி, விருப்பத்தோடு இருக்கிறாள் என்று எழுதிப் புகாரை முடிக்கலாம். 2017-இல் புட்டசாமி வழக்கில் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றாயிற்று. 2018 மார்ச்சில் சக்தி வாஹினி தீர்ப்பு இப்படிப்பட்ட ஜோடிகளுக்குப் பாதுகாப்பு இல்லம், தனிப் பிரிவு எல்லாம் வேண்டும் என்றது. நிலையத்து மேஜைக்கு இதெல்லாம் வந்து சேர நாளாகிறது. ஒரு நிலையத்தில் என் கண் முன்னாலேயே, “பெண் நல்லாயிருக்கு, இந்தாங்க அட்ரஸ்” என்று அண்ணனிடம் சீட்டைக் கொடுத்தார்கள். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, தேடி வந்தவர் பாவம் என்ற இரக்கம்தான். அந்தப் பெண்ணை அன்றிரவே நாங்கள் வேறு வீடு மாற்றினோம். எந்தப் பக்கம் என்று இங்கே எழுதப் போவதில்லை.

ஓய்வு பெற்று செம்பூருக்கு வந்த பிறகும் ஆட்கள் வருகிறார்கள். போஸ்டரில் சொந்த நம்பரைப் போடாதே, ‘உன் மகள் என்னிடம் இருக்கிறாள், பணம் அனுப்பு’ என்று எத்தர்கள் கூப்பிடுவார்கள் என்று முன்பெல்லாம் சொல்வேன். 166-க்குப் பிறகு, நிலையத்து எண்ணோடு, வீடும் நம்பரும் மாற்றாத ஓர் ஆளின் எண்ணையும் சேர்க்கச் சொல்கிறேன். பள்ளியின் பெயர் வேண்டாம், சாதி தெரிகிற பட்டப்பெயர் வேண்டாம், மச்சம் இருக்கும் இடம் போலீசுக்கு மட்டும். கிடைத்த பிறகு சயான் ஸ்டேஷன் தூணிலிருந்து போஸ்டரைக் கிழிக்க யார் போவது என்பதையும் ஒட்டுகிற அன்றே முடிவு செய்யச் சொல்கிறேன். பெரும்பாலும் தம்பிகள் போகிறார்கள். வாட்ஸ்அப்பில் ‘கிடைத்துவிட்டாள், படத்தை அழித்துவிடுங்கள்’ என்று போட்டால், பாதிப் பேர் அந்தச் செய்தியையும் படத்தோடு சேர்த்தே பரப்புகிறார்கள்.