கேட்டும் கிடைக்காதபோது



புதன்கிழமை சகாய மாதா நவநாளுக்கு முன்பு விண்ணப்பப் பெட்டியைத் திறந்து சீட்டுகளை அடுக்கி வைப்பது நமது வழக்கம். கும்மிடிப்பூண்டி சிப்காட்டைச் சுற்றியுள்ள பங்குகளில் இந்தச் சீட்டுகள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். ஒப்பந்தத் தொழிலாளியாக இருக்கும் மகனுக்கு வேலை நிரந்தரமாக வேண்டும். கணவர் குடியை விட வேண்டும். மகளுக்கு நல்ல வரன் அமைய வேண்டும். ஆலையில் கை நசுங்கியவருக்கு இழப்பீடு கிடைக்க வேண்டும். இவற்றோடு நன்றிச் சீட்டுகளும் வரும். அவற்றைச் சற்று உரக்கவே வாசிக்கிறோம். ஆனால் அதே கையெழுத்தில், அதே வரிகளோடு ஆண்டுக்கணக்காக வந்துகொண்டிருக்கும் சீட்டுகளும் உண்டு. அவற்றை வாசிக்கும்போது மட்டும் நமது குரல் வேகமெடுக்கிறது. இதை நாம் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

அப்படிப்பட்ட சீட்டு ஒன்று கும்மிடிப்பூண்டி இலங்கைத் தமிழர் முகாமிலிருந்து வருகிறது. ஊருக்குத் திரும்பும் வழி திறக்க வேண்டும், இல்லையென்றால் பிள்ளைகளுக்கு ஒரு நாடாவது கிடைக்க வேண்டும் என்பதே அதன் சாரம். அதை எழுதும் அம்மா மன்னார்ப் பக்கத்தவர். 1990-இல் படகேறியபோது இளம்பெண், இன்று பாட்டி. ஒருநாள் திருப்பலி முடிந்ததும் அவர் நம்மிடம் கேட்டார்: "சுவாமி, நாங்கள் செபிச்சது காணாதோ?"

நமக்கு உடனே பதில் வரவில்லை. அந்தக் கேள்வியை வைத்துத்தான் இந்தச் சிந்தனையை எழுதுகிறோம்.

முதலில் அவர் எதைக் கேட்கிறார் என்று பார்ப்போம். 1983 கலவரத்துக்குப் பின்னும், 1990-இல் போர் மீண்டும் வெடித்தபோதும் பாக் நீரிணையைக் கடந்து வந்தவர்கள் மண்டபத்தில் பதிவுசெய்யப்பட்டு, தமிழகத்தின் பல மாவட்டங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். நமது திருவள்ளூர் மாவட்டத்தில் கும்மிடிப்பூண்டியிலும் புழலிலும் முகாம்கள் அமைந்தன. 2021 கணக்கின்படி தமிழக முகாம்களில் இருந்தவர்கள் சுமார் 58 ஆயிரம் பேர். அவர்களில் ஆண்கள் பலருக்குப் பெயிண்ட் அடிக்கும் வேலைதான் பிழைப்பு. 1987 ஜூலை முதல் தேதிக்குப் பின் இங்கே பிறந்த பிள்ளைக்கு, பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இல்லாவிட்டால் பிறப்பால் குடியுரிமை கிடையாது. 2019-இல் நிறைவேறிய குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், வங்கதேசம் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து வந்தவர்களுக்கே வழி செய்தது. இலங்கை அதில் இல்லை. 2009-இல் போர் முடிந்த பிறகு சில ஆயிரம் பேர் திரும்பிப் போனார்கள். மற்றவர்கள் போவதா, இருப்பதா என்று தெரியாமல் காத்திருக்கிறார்கள்.

இன்னொன்றும் அந்த அம்மாவின் கேள்விக்குள் இருக்கிறது. அவர் மடு மாதாவின் பிள்ளை. மடுத் திருத்தலமே அடைக்கலத்தில் பிறந்ததுதான். 1670 வாக்கில் ஒல்லாந்தரின் அடக்குமுறைக்குத் தப்பிய கத்தோலிக்கர்கள் மாந்தையிலிருந்து மாதாவின் சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் போனார்கள். (நம் பக்கத்துப் பழவேற்காடும் அதே ஒல்லாந்தர் கோட்டை கட்டி ஆண்ட ஊர்தான்.) போர்க்காலத்தில் ஆயிரக்கணக்கானோர், மாதாவின் காலடியில் குண்டு விழாது என்று நம்பி அங்கே தங்கினார்கள். 1999 நவம்பர் 20 அன்று அத்திருத்தல வளாகத்திலேயே எறிகணைகள் விழுந்து ஏறத்தாழ 40 பேர் இறந்தார்கள். அதற்கு முன்பே, 1995 ஜூலை 9 அன்று யாழ்ப்பாணம் நவாலியில் புனித பேதுரு ஆலயத்தில் தஞ்சம் புகுந்திருந்தவர்கள்மீது விமானக் குண்டுகள் விழுந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அவர்கள் செபிக்காதவர்கள் அல்ல. செபமாலையைக் கையில் வைத்துக்கொண்டே இறந்தவர்கள் அவர்களில் எத்தனை பேரோ! 2008 ஏப்ரலில் மடு மாதாவின் சுரூபத்தையே பாதுகாப்புக்காக வேறு ஊருக்குக் கொண்டுபோக நேர்ந்தது. "மாதாவே இடம்பெயர்ந்தவதானே, சுவாமி" என்று அந்த அம்மா சொன்னதில் கசப்பு இருந்ததா, ஆறுதல் இருந்ததா என்று இன்றுவரை நமக்கு விளங்கவில்லை.

இத்தகைய கேள்விக்கு நம்மிடையே ஓர் ஆயத்தப் பதில் இருக்கிறது: "உன் விசுவாசம் குறைவு." சில செபக்கூட்டங்களில் இதை மேடையிலிருந்தே சொல்கிறார்கள். நம் பங்குகளிலும் அன்பியக் கூட்டங்களில், ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டே சிலர் சொல்கிறார்கள். 2004 டிசம்பர் 26-ஐ நினைத்துப் பாருங்கள். கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. வேளாங்கண்ணியில் கடல் ஏறிவந்தபோது பேராலயம் தப்பியது. உள்ளே இருந்தவர்கள் பிழைத்தார்கள். கடற்கரையிலும் கடைவீதியிலும் இருந்த நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள். அடுத்த பல மாதங்கள், தண்ணீர் ஆலயத்துக்குள் வராததைப் புதுமை என்று நாம் மகிழ்ந்து பேசினோம். பிழைத்தவர்கள் நன்றி சொல்வது நியாயமே. ஆனால் திருப்பலி கண்டுவிட்டுக் கடல் பார்க்கப்போன பிள்ளையைப் பறிகொடுத்த தாயின் காதில் அந்தப் பேச்சு எப்படி விழுந்திருக்கும்? அன்று மறையுரைகளில் நாமும் அப்படிப் பேசியவர்கள்தான். இன்று வருந்துகிறோம்.

ஆயத்தப் பதிலை விவிலியம் ஏற்றுக்கொள்வதில்லை. யோபுவின் நண்பர்கள் அதைத்தான் சொன்னார்கள்: நீ ஏதோ தவறு செய்திருப்பாய் என்றார்கள். நூலின் முடிவில் கடவுள், முறையிட்டுக்கொண்டே இருந்த யோபுவை அல்ல, தமக்காக வாதாடிய அந்த நண்பர்களையே கடிந்துகொள்கிறார் (யோபு 42:7). 150 திருப்பாடல்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பகுதி புலம்பல்கள். அவற்றுள்ளும் 88-ஆம் திருப்பாடல் தனி வகை. மற்றப் புலம்பல்கள் பெரும்பாலும் கடைசியில் புகழ்ச்சிக்குத் திரும்பிவிடும், இது திரும்புவதில்லை. எபிரேய மூலத்தில் அதன் கடைசிச் சொல்லே இருள் என்பதுதான். திருச்சபை இதை ஒதுக்கிவைக்கவில்லை. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் இரவுச் செபத்தில் குருக்களும் துறவியரும் சொல்லும் திருப்பாடல் இதுவே. பகலில் எல்லாம் நன்றாக நடந்த வெள்ளிக்கிழமைகளிலும் நாம் அதைச் சொல்கிறோம். அன்றிரவு அப்படிச் செபிக்கவும் தெம்பில்லாத யாரோ ஒருவருக்காக.

நம் ஆண்டவரின் செபத்துக்கு வருவோம். கெத்சமனியில் துன்பக் கிண்ணம் அகலவேண்டும் என்று மூன்று முறை மன்றாடினார், அது அகலவில்லை. இருந்தும் எபிரேயர் திருமுகம், அவர் கண்ணீரோடு மன்றாடினார், அவருக்குச் செவிசாய்க்கப்பட்டது என்கிறது (எபி 5:7). சிலுவையில் இறந்தவருக்கு எப்படிச் செவிசாய்க்கப்பட்டது? உயிர்ப்பில் என்று திருச்சபை விளக்குகிறது. நாமும் அதையே நம்புகிறோம். ஆனால் அந்தப் பதில் வெள்ளிக்கிழமை மாலையில் வரவில்லை. கல்லறையில் ஒரு முழு ஓய்வுநாள் கழிந்தது. துன்பப்படுகிறவரிடம் அந்த நடுநாளைத் தாண்டிக் குதித்து ஞாயிறுக்குப் போய்விடும் அவசரம் நம்மைப் போன்ற போதகர்களுக்கு எப்போதும் உண்டு. திருத்தூதர் பவுலும் தம் உடலில் தைத்த முள்ளுக்காக மூன்று முறை வேண்டினார் (2 கொரி 12:7-9). அவருக்கு வாக்கு கிடைத்தது, முள் எடுக்கப்படவில்லை.

நம் காலத்துச் சாட்சி அன்னை தெரேசா. அவருடைய அந்தரங்கக் கடிதங்கள் 2007-இல் நூலாக வெளிவந்தபோது உலகம் திகைத்தது. கல்கத்தாவின் ஏழைகளிடையே பணி தொடங்கிய காலத்திலிருந்து 1997-இல் இறக்கும்வரை, சிறு இடைவெளி தவிர, ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் செபத்தில் கடவுளின் அண்மையை உணராமல் இருளிலேயே இருந்திருக்கிறார். அப்படியென்றால் அவருக்கு விசுவாசமே இல்லை என்று அப்போது சிலர் எழுதினார்கள். திருச்சபை அக்கடிதங்களையெல்லாம் படித்த பிறகுதான் 2016 செப்டம்பர் 4 அன்று அவரைப் புனிதராக அறிவித்தது. அந்த ஐம்பது ஆண்டுகளும் அவர் விடியற்காலையில் எழுந்து சிற்றாலயத்துக்குப் போனார். அதன்பின் தெருவுக்குப் போனார். பிரமாணிக்கம் என்பது உள்ளத்தில் எழும் உணர்ச்சியாக மட்டும் இருந்திருந்தால் அவரிடம் அது இருந்திருக்காது.

இங்கே ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். கேட்கப்படாத செபம் என்று நாம் சொல்பவற்றில் எல்லாமே கடவுள் மறுத்தவை அல்ல. புற்றுநோய் குணமாகாதது ஒன்று. பத்தாண்டு உழைத்தவனை ஒப்பந்தத்திலேயே வைத்திருப்பதும், பாதுகாப்புத் தடுப்பு இல்லாத இயந்திரத்தில் கை போவதும், இந்த மண்ணில் பிறந்த பிள்ளைக்கு நாடு இல்லாமல் போவதும் வேறு. பின்னவை மனிதர் கையில் இருப்பவை. இவற்றைக் கடவுளின் சித்தம் என்று சொல்லி நாம் மேலே அனுப்பிவிடக் கூடாது. மனந்தளராமல் செபிப்பதற்கு இயேசு காட்டிய முன்மாதிரி யார்? நீதிமன்ற வாசலைவிட்டு நகராத ஒரு கைம்பெண் (லூக் 18:1-8). அவர் வீட்டில் முழந்தாளிட்டிருக்கவில்லை. நடுவரின் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருந்தார். இ.எஸ்.ஐ. படிவம் நிரப்பத் தெரியாதவருக்கு நிரப்பிக்கொடுக்கும் பங்கு இளைஞரும், முகாம் பிள்ளையின் கல்லூரிச் சேர்க்கைக்காக அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கும் அருள்சகோதரியும் அந்தச் செபத்தின் மறுபாதியைச் செய்கிறார்கள்.

சில பதில்கள் துண்டு துண்டாகவும் வருகின்றன. முகாம்களில் 7,469 புதிய வீடுகள் கட்டும் திட்டத்தைத் தமிழக அரசு 2021 ஆகஸ்டில் அறிவித்தது; அகதிகள் முகாம் என்ற பெயரும் மறுவாழ்வு முகாம் என்று மாறியது. நல்ல வீடு கிடைப்பது சிறிய காரியமல்ல. ஆனாலும் அந்த அம்மா கேட்டது வீட்டை அல்ல. கேட்டது கிடைத்துவிட்டது என்று நாம் அவருக்குச் சொல்லக்கூடாது.

அவருடைய கேள்விக்கு நாம் கடைசியில் சொன்னது இவ்வளவுதான்: "காணும், அம்மா. நீங்கள் செபித்தது காணும். ஏன் இன்னும் கிடைக்கவில்லை என்று எங்களுக்குத் தெரியாது." அவர் தலையசைத்தார். பேத்திக்குப் பள்ளி நேரம் ஆகிவிட்டது என்று கிளம்பிப்போனார்.

அதன்பின் நவநாளில் ஒரு சிறு மாற்றம் செய்தோம். ஐந்தாண்டுகளுக்கு மேலாகத் தொடர்ந்து வரும் விண்ணப்பங்களை நன்றிச் சீட்டுகளுக்கு முன்பாக, நிறுத்தி நிதானமாக வாசிக்கிறோம். எல்லாரும் எழுந்து நிற்கிறார்கள். தொடக்கத்தில் சிலருக்கு இது பிடிக்கவில்லை. நவநாளுக்கு வருகிறவர்கள் மனம் சோர்ந்துவிடுவார்கள் என்றார்கள். அப்படி ஒன்றும் கூட்டம் குறையவில்லை. கடந்த புதன்கிழமை அந்த அம்மாவின் சீட்டில் பழைய வரிகளுக்குக் கீழே பேத்தியின் பெயரும் எழுதியிருந்தது. அதையும் சேர்த்து வாசித்தோம்.