பெங்களூரு புறநகரில் வாடகை வீடு: முன்பணம் முதல் ஒப்பந்தம் வரை அறிய வேண்டியவை

பெங்களூரு: வைட்பீல்டு, மாரத்தஹள்ளி, சர்ஜாபூர் சாலை, எலக்ட்ரானிக் சிட்டி உள்ளிட்ட பெங்களூரு புறநகர்ப் பகுதிகளில் வாடகை வீடு தேடுவோர், வீட்டைப் பார்ப்பதற்கு முன்பே ஒரு கணக்கை எதிர்கொள்ள வேண்டியுள்ளது. மாத வாடகை ரூ.30 ஆயிரம் என்று வைத்துக்கொண்டால், நகரின் நெடுநாள் வழக்கப்படி 10 மாத முன்பணம் ரூ.3 லட்சம், முதல் மாத வாடகை ரூ.30 ஆயிரம், தரகருக்கு ஒரு மாத வாடகை ரூ.30 ஆயிரம் என, சாவி கைக்கு வருவதற்குள் ரூ.3.60 லட்சம் செலவாகிவிடும். பணியில் சேர்ந்து முதல் ஊதியம்கூடப் பெறாத ஒருவருக்கு இத்தொகை பெரும்பாலும் கடனாகவோ, பெற்றோரின் சேமிப்பாகவோதான் இருக்கும்.

அந்த முன்பணம் முழுமையாகத் திரும்பக் கிடைக்குமா என்பது, வீட்டைக் காலி செய்யும் நாளில் அல்ல, ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் நாளிலேயே பெருமளவு முடிவாகிவிடுகிறது. எனவே வீடு தேடுவோர் அறிந்திருக்க வேண்டிய நடைமுறைகளும் சட்ட விதிகளும் இங்கே தொகுத்து அளிக்கப்பட்டுள்ளன.

போட்டிக்குக் காரணம் என்ன?

எலக்ட்ரானிக் சிட்டி 1970-களின் இறுதியில் கர்நாடக அரசு நிறுவனமான கியோனிக்ஸால் உருவாக்கப்பட்டது. 1990-களில் வைட்பீல்டில் தகவல் தொழில்நுட்பப் பூங்கா அமைந்தது. வேலைவாய்ப்புகள் நகரின் கிழக்கு, தென்கிழக்கு விளிம்புகளில் குவிந்ததால், அலுவலகத்துக்கு அருகில் வீடு தேடுவோரின் கூட்டமும் அங்கேயே திரண்டது. ஓசூர், கிருஷ்ணகிரி, சேலம் பகுதிகளில் இருந்து பணிக்கு வரும் தமிழர்கள் பலரும் இந்தப் பகுதிகளில்தான் முதலில் வீடு தேடுகின்றனர்.

கரோனா காலத்தில் சொந்த ஊர் திரும்பிய பணியாளர்கள், அலுவலகங்கள் மீண்டும் திறக்கப்பட்டபோது ஏறத்தாழ ஒரே காலகட்டத்தில் நகருக்குத் திரும்பினர். இதனால் 2022, 2023-ஆம் ஆண்டுகளில் வாடகை கடுமையாக உயர்ந்தது. வீடு கேட்டு வருவோரின் பணி விவரங்களையும், பள்ளி இறுதித் தேர்வு மதிப்பெண்ணையும்கூட உரிமையாளர்கள் கேட்பதாகச் சமூக ஊடகங்களில் அப்போது பதிவுகள் பரவின.

மெட்ரோ ரயில் சேவையும் தேவையின் திசையை மாற்றி வருகிறது. ஊதா வழித்தடத்தில் கிருஷ்ணராஜபுரம் - வைட்பீல்டு பகுதி 2023 மார்ச் மாதத்தில் தொடங்கி வைக்கப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில் அந்த வழித்தடம் முழுமையாக இணைக்கப்பட்டது. எலக்ட்ரானிக் சிட்டி வழியாகச் செல்லும் ஆர்.வி. சாலை - பொம்மசந்திரா மஞ்சள் வழித்தடம் 2025 ஆகஸ்ட் மாதத்தில் தொடங்கப்பட்டது. நிலையத்திலிருந்து நடந்து செல்லும் தொலைவில் உள்ள வீட்டுக்கும், ஆட்டோ பிடித்துச் செல்ல வேண்டிய வீட்டுக்கும் வாடகை வேறுபடுவது இயல்பு. ஆனால், நாள்தோறும் ஆகும் பயணச் செலவைக் கூட்டிப் பார்த்தால், குறைந்த வாடகை எப்போதும் குறைந்த செலவு ஆகாது.

தேடும்போது கவனிக்க வேண்டியவை

இணையதளங்களில் வெளியாகும் நல்ல வீடுகள் சில மணி நேரத்திலேயே முடிந்துவிடுவதால், அவற்றை மட்டும் நம்பியிருப்பது போதாது. குடியிருப்பு வளாகங்களின் வாயிலில் உள்ள காவலாளிகள், அதே வளாகத்தில் வசிக்கும் அலுவலக நண்பர்கள், தெருக்களில் தொங்கும் 'டு-லெட்' பலகைகள் ஆகியவற்றின் மூலம் கிடைக்கும் வீடுகளுக்குப் பெரும்பாலும் தரகுத் தொகை தேவைப்படாது. மாத இறுதியில் காலியாகும் வீடுகள் குறித்த தகவல், முந்தைய வாடகைதாரர் முன்னறிவிப்பு கொடுத்தவுடனேயே வளாகத்துக்குள் பரவிவிடும். ஆகவே, குடியேறும் நாளுக்கு ஒரு மாதம் முன்னதாகத் தேடலைத் தொடங்குவது பயன் தரும்.

பணி அடையாள அட்டை, ஊதியச் சான்று, பான் அட்டை, முந்தைய வீட்டின் ஒப்பந்தம் ஆகியவற்றின் நகல்களைத் தயாராக வைத்திருப்பவருக்கு வீடு கிடைக்கும் வாய்ப்பு அதிகம். ஆதார் நகல் அளிக்க நேர்ந்தால், முதல் எட்டு இலக்கங்கள் மறைக்கப்பட்ட ஆதாரை தனித்துவ அடையாள ஆணையத்தின் இணையதளத்தில் பதிவிறக்கிக் கொடுக்கலாம்.

போட்டி எவ்வளவு கடுமையாக இருந்தாலும், வீட்டை நேரில் பார்க்காமல் பணம் அனுப்பக் கூடாது. ராணுவ அதிகாரி என்றோ, வெளியூரில் இருப்பவர் என்றோ கூறிக்கொண்டு, வேறொருவர் வீட்டின் படங்களைக் காட்டி 'டோக்கன்' தொகை பெறும் மோசடி பல நகரங்களில் நடந்துள்ளது. பணம் பெறுவதற்குக் கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்ய வேண்டிய அவசியமில்லை. அவ்வாறு கேட்பவர் பணத்தை எடுக்கவே முயல்கிறார். பணத்தை இழந்தவர்கள் 1930 என்ற தேசிய சைபர் குற்ற உதவி எண்ணை உடனடியாக அழைக்க வேண்டும். தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பணத்தை முடக்கும் வாய்ப்பைக் குறைக்கும்.

தண்ணீர்: முதலில் கேட்க வேண்டிய கேள்வி

2007-ஆம் ஆண்டு பெங்களூரு மாநகராட்சியுடன் இணைக்கப்பட்ட 110 கிராமங்களில் பல, இன்றைய புறநகர்க் குடியிருப்புப் பகுதிகளாகும். காவிரிக் குழாய் இணைப்பு நெடுங்காலம் எட்டாத அப்பகுதிகள் ஆழ்துளைக் கிணறுகளையும் தண்ணீர் லாரிகளையும் நம்பியிருந்தன. 2024-ஆம் ஆண்டு கோடையில் ஆழ்துளைக் கிணறுகள் வற்றியபோது, வைட்பீல்டு உள்ளிட்ட பகுதிகளின் அடுக்குமாடிக் குடியிருப்புகள் கடும் நெருக்கடியைச் சந்தித்தன. நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர் நீர் வழங்கும் காவிரி ஐந்தாம் கட்டத் திட்டம் அதே ஆண்டு அக்டோபர் 16-ஆம் தேதி தொடங்கி வைக்கப்பட்டது. எனினும் திட்டம் தொடங்கப்பட்டது என்பதும், குறிப்பிட்ட வளாகம் இணைப்புப் பெற்றுள்ளது என்பதும் ஒன்றல்ல.

காவிரி இணைப்பு உள்ளதா, லாரி நீருக்கான கட்டணம் பராமரிப்புத் தொகையில் அடங்குமா, கடந்த கோடையில் எத்தனை நாள் தட்டுப்பாடு நிலவியது ஆகியவற்றை உரிமையாளரிடம் மட்டுமன்றி, அங்கு வசிப்போரிடமும் கேட்டறிய வேண்டும். மாதப் பராமரிப்புத் தொகை, வாகன நிறுத்தக் கட்டணம், குடியேறும்போதும் காலி செய்யும்போதும் சங்கம் வசூலிக்கும் கட்டணம் ஆகியவற்றை யார் செலுத்துவது என்பதையும் முன்கூட்டியே தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும்.

மின் இணைப்பைப் பொறுத்தவரை, மாதம் 200 யூனிட் வரையிலான இலவச மின்சாரத்துக்கான கர்நாடக அரசின் 'கிருஹ ஜோதி' திட்டத்தில் வாடகைதாரர்களும் பயன்பெறலாம். இதற்கு மின் இணைப்பின் ஆர்.ஆர். எண்ணுடன் ஆதாரை இணைக்க வேண்டும். முந்தைய வாடகைதாரர் தமது இணைப்பை நீக்கியுள்ளாரா என்பதைச் சாவி பெறும் முன்பே உறுதி செய்துகொள்வது நல்லது.

முன்பணம்: வழக்கமும் சட்டமும்

10 மாத முன்பணம் என்பது வழக்கமே தவிர, எந்தச் சட்டமும் விதித்த அளவு அல்ல. எனவே அது பேரத்துக்கு உட்பட்டது. அடுக்குமாடிக் குடியிருப்புகளில் ஐந்து, ஆறு மாத முன்பணத்துக்கு உரிமையாளர்கள் சம்மதிப்பதும் உண்டு.

மத்திய அமைச்சரவை 2021 ஜூன் 2-ஆம் தேதி ஒப்புதல் அளித்த மாதிரி வாடகைச் சட்டம், குடியிருப்புகளுக்கான முன்பணத்தை இரண்டு மாத வாடகையாக வரையறுக்கிறது. வீட்டுக்குள் நுழைய உரிமையாளர் 24 மணி நேரம் முன்னதாகத் தெரிவிக்க வேண்டும் என்றும், குடிநீர், மின்சாரம் போன்ற அத்தியாவசியச் சேவைகளைத் துண்டிக்கக் கூடாது என்றும் அச்சட்டம் கூறுகிறது. ஆனால், மாதிரிச் சட்டம் தானாக எந்த மாநிலத்துக்கும் பொருந்தாது. அந்தந்த மாநில சட்டப்பேரவை அதனைச் சட்டமாக இயற்ற வேண்டும்.

கர்நாடகத்தில் 1999-ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் நடைமுறையில் உள்ளது. எனினும் பெங்களூரு போன்ற நகரங்களில் மாதம் ரூ.3,500-க்கு மேற்பட்ட வாடகை உள்ள வீடுகளுக்கு அது பொருந்தாது. இன்றைய வாடகை நிலவரத்தில், புறநகரின் பெரும்பாலான வீடுகள் அச்சட்டத்தின் பாதுகாப்புக்கு வெளியே நிற்கின்றன. இவற்றுக்கு 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டமும், இரு தரப்பும் கையெழுத்திட்ட ஒப்பந்தமுமே ஆதாரம். அதனால்தான் ஒப்பந்தத்தின் ஒவ்வொரு வரியும் முக்கியத்துவம் பெறுகிறது.

11 மாத ஒப்பந்தம் ஏன்?

ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்வது 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி கட்டாயம். அந்தச் செலவையும் நடைமுறையையும் தவிர்ப்பதற்காகவே 11 மாத ஒப்பந்தம் நாடெங்கும் வழக்கமாகியுள்ளது. இதில் கீழ்க்கண்டவை எழுத்தில் இடம்பெறுவது அவசியம்:

* முன்பணத் தொகை, அது செலுத்தப்பட்ட முறை, காலி செய்த எத்தனை நாளுக்குள் திருப்பித் தரப்படும் என்ற கெடு.
* ஒப்பந்தம் புதுப்பிக்கப்படும்போது வாடகை உயரும் விகிதம்.
* இரு தரப்புக்கும் சமமான முன்னறிவிப்புக் காலம். ஒப்பந்தத்தில் எதுவும் குறிப்பிடப்படாவிட்டால், மாதாந்திர வாடகைக்குச் சட்டம் தருவது 15 நாள் மட்டுமே.
* குறைந்தபட்சத் தங்கும் காலம் உண்டா, முன்னதாகக் காலி செய்தால் பிடித்தம் எவ்வளவு என்ற விவரம்.
* வண்ணம் பூசுதல், துப்புரவு ஆகியவற்றுக்கான பிடித்தத்தின் உச்ச அளவு.
* மின்விசிறி, கீசர், அலமாரி உள்ளிட்ட பொருள்களின் பட்டியலும் அவற்றின் நிலையும்.

காலி செய்யும்போது வண்ணம் பூசுவதற்காக ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வது பெங்களூருவில் பரவலாக உள்ளது. இயல்பான பயன்பாட்டால் ஏற்படும் தேய்மானத்துக்கு வாடகைதாரர் பொறுப்பல்ல என்பது சொத்து மாற்றச் சட்டத்தின் பொது நிலைப்பாடு. ஆனால், பிடித்தத்துக்கு ஒப்புக்கொண்டு கையெழுத்திட்ட பின்னர் அந்த வாதம் வலுவிழக்கிறது.

'லீஸ்' வீடுகளில் உள்ள ஆபத்து

தமிழ்நாட்டில் ஒத்தி, போக்கியம் என அழைக்கப்படும் முறை பெங்களூருவில் 'லீஸ்' என்ற பெயரில் நிலவுகிறது. பல லட்சம் ரூபாயை மொத்தமாகக் கொடுத்து, மாத வாடகையின்றி இரண்டு, மூன்று ஆண்டுகள் வசித்து, முடிவில் முழுத் தொகையையும் திரும்பப் பெறுவதே இதன் நடைமுறை. மாதச் செலவு குறைகிறது என்பதால் நடுத்தரக் குடும்பங்கள் இதனை நாடுகின்றன.

அதே வீட்டின் மீது உரிமையாளர் ஏற்கெனவே வங்கிக் கடன் பெற்றுத் தவணை செலுத்தத் தவறினால், 2002-ஆம் ஆண்டின் சர்பாசி சட்டத்தின் கீழ் வங்கி வீட்டைக் கைப்பற்ற முடியும். அந்நிலையில் பதிவு செய்யப்படாத ஒப்பந்தத்துடன் குடியிருப்பவர், வீட்டையும் வாழ்நாள் சேமிப்பையும் ஒருசேர இழக்க நேரிடலாம். எனவே பணம் கொடுக்கும் முன், காவேரி இணையதளத்தில் வில்லங்கச் சான்று பெறுவதும், சொத்து அடமானங்களைப் பதிவு செய்யும் மத்தியப் பதிவகத்தில் தேடிப் பார்ப்பதும் இன்றியமையாதவை. கையெழுத்திடுபவர் உரிமையாளர்தானா, அன்றி இடைத்தரகு நிறுவனமா என்பதைச் சரிபார்த்து, பணத்தை உரிமையாளரின் வங்கிக் கணக்குக்கே செலுத்தி, ஒப்பந்தத்தைப் பதிவு செய்ய வேண்டும்.

வரி விதிகள்

மாத வாடகை ரூ.50 ஆயிரத்தைத் தாண்டினால், தனிநபர் வாடகைதாரரும் 2 சதவீத வருமான வரியைப் பிடித்தம் செய்து அரசுக்குச் செலுத்த வேண்டும். 5 சதவீதமாக இருந்த இந்த விகிதம் 2024 அக்டோபர் 1 முதல் குறைக்கப்பட்டது. உரிமையாளர் வெளிநாடுவாழ் இந்தியர் எனில், வாடகை எவ்வளவு குறைவாக இருந்தாலும் 30 சதவீதமும் அதன் மீதான கூடுதல் தீர்வையும் பிடித்தம் செய்ய வேண்டும் என்பதைப் பலர் அறிவதில்லை. பழைய வரி முறையில் வீட்டு வாடகைப் படிக்கு விலக்குக் கோருவோர், ஆண்டு வாடகை ரூ.1 லட்சத்தைத் தாண்டும்போது உரிமையாளரின் பான் எண்ணை அளிக்க வேண்டும். எனவே அந்த எண்ணை ஒப்பந்தத்திலேயே சேர்த்துக்கொள்வது பின்னாளைய சிக்கலைத் தவிர்க்கும்.

முன்பணம் திரும்ப வராவிட்டால்...

குடியேறும் நாளிலும் காலி செய்யும் நாளிலும் வீடு முழுவதையும் தேதியுடன் காணொலியாகப் பதிவு செய்து, உரிமையாளருக்கு அனுப்பி வைப்பது சிறந்த சான்றாகும். வாடகையும் முன்பணமும் வங்கி வழியாகவே செலுத்தப்பட வேண்டும். முன்னறிவிப்பை வாட்ஸ்அப், மின்னஞ்சல் என எழுத்து வடிவில் அளிக்க வேண்டும். இயன்றால், மீதித் தொகையைப் பெற்றுக்கொள்ளும்போதே சாவியை ஒப்படைப்பது நல்லது.

கெடு முடிந்தும் பணம் தரப்படாவிட்டால், வழக்கறிஞர் மூலம் நோட்டீஸ் அனுப்பி, பின்னர் உரிமையியல் நீதிமன்றத்தை அணுகலாம். பணத்தை மீட்பதற்கான வழக்கை மூன்று ஆண்டுகளுக்குள் தொடுக்க வேண்டும். வழக்குக்கு முந்தைய சமரசத்துக்குச் சட்டப் பணிகள் ஆணையத்தின் மக்கள் நீதிமன்றங்களையும் நாடலாம். பெண்கள், பட்டியல் இனத்தவர், பழங்குடியினர் உள்ளிட்டோர் வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி பெறத் தகுதியுடையவர்கள். இதற்கான தேசிய உதவி எண் 15100 என்பது குறிப்பிடத்தக்கது.