கரியும் ரப்பரும்: வீடியோ கேம் பொத்தான்களைப் பழுதுபார்த்த வரலாறு

1970களின் இறுதியிலிருந்து வீடுகளுக்கு வந்த வீடியோ கேம் இயந்திரங்களில், மின்னணுச் சில்லுகள் நாற்பது ஆண்டுகளைக் கடந்தும் பல இடங்களில் இயங்கிவர, கன்ட்ரோலர் எனப்படும், ஆடுபவர் கையில் பிடித்து இயக்கும் கருவியின் பொத்தான்கள் அவற்றுக்கு வெகு முன்பே தேய்ந்து செயலிழந்தன. விரலின் விசையை நேரடியாக ஏற்று ஓயாமல் அசையும் உறுப்பு பொத்தான் என்பதால் இதில் வியப்பில்லை. ஆனால் தேய்ந்த பொத்தானை யார், எதைக் கொண்டு, எவ்வாறு சீர்செய்தார்கள் என்பது காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. அந்த மாற்றத்தைத் தீர்மானித்தவை இரண்டு: பொத்தானுக்கு அடியில் மின்சுற்றை இணைக்கும் பரப்பு எப்பொருளால் ஆனது என்பதும், உதிரிப்பாகங்கள் யாருடைய கையில் இருந்தன என்பதும்.

வீட்டு இயந்திரங்களுக்கு முன்னோடியாக இருந்தவை, காசு போட்டு ஆடும் ஆர்க்கேட் கூடங்களின் இயந்திரங்கள். அக்காலத்து ஆர்க்கேட் பொத்தான்களில் பரவலாக இருந்தது இலைச் சுவிட்ச், அதாவது இடைவெளி விட்டு அடுக்கிய இரு மெல்லிய உலோகத் தகடுகளில் ஒன்றைப் பொத்தான் மற்றொன்றின்மீது வளைத்துத் தொடச்செய்யும் அமைப்பு. 1979இல் அட்டாரி வெளியிட்ட ஆஸ்டராய்ட்ஸ் ஆட்டம் கைப்பிடிக் கம்பி ஏதுமின்றி, திரும்புவது முதல் சுடுவது வரை அனைத்தையும் ஐந்து பொத்தான்களாலேயே நடத்தியதால், அவற்றில் ஒன்று ஓய்ந்தாலும் இயந்திரமே பயனற்றுப்போனது. இயந்திரம் நின்றால் வருமானமும் நிற்கும் என்பதால் பராமரிப்பு அத்தொழிலின் அன்றாட வேலையாகவே இருந்தது: தொடுமுனைகளுக்கு நடுவே ஒரு முகவரி அட்டையைச் செருகி இழுத்து அழுக்கை நீக்குவதும், தளர்ந்த தகட்டை மெல்ல வளைத்து இடைவெளியைச் சரிசெய்வதுமே பெரும்பாலும் போதுமாயிருந்தன. உலோகத்தை உலோகம் தொடும் அமைப்பில் பழுதுபார்ப்பு என்பது பாகத்தை மாற்றுவதல்ல, சரிக்கட்டுவதே.

வீட்டு இயந்திரங்களில் இந்நிலை நீடிக்கவில்லை. 1977இல் அட்டாரியின் வீடியோ கம்ப்யூட்டர் சிஸ்டத்துடன் வந்த சிஎக்ஸ்10 கைப்பிடி, உள்ளே சுருள்வில்கள் பொருத்தப்பட்ட உறுதியான கருவியாக இருந்தது. அடுத்த ஆண்டே அதன் இடத்தைப் பிடித்த சிஎக்ஸ்40, செலவைக் குறைக்கும் பொருட்டு எளிமையாக்கப்பட்டு, மின்சுற்றுப் பலகைமீது ஒட்டுநாடாவால் பதிக்கப்பட்ட குவிந்த உலோகத் தகடுகளைக் கொண்டே திசைகளையும் பொத்தானையும் உணர்ந்தது. நாடாவின் பசை வறண்டால் தகடு இடம் பெயரும். தகடு களைத்தால் அழுத்தம் பதிவாகாது. ஆயினும் கருவியைத் திறப்பது எளிது, பாகங்கள் சில, கோடிக்கணக்கில் விற்ற இயந்திரம் என்பதால் கைப்பிடிகளுக்கும் பஞ்சமில்லை.

இதற்கு நேர்மாறான நிலையை மாட்டெல் நிறுவனம் 1980இல் அமெரிக்கா முழுவதும் விற்பனைக்குக் கொண்டுவந்த இன்டெலிவிஷனில் காணலாம். அதன் கன்ட்ரோலர்கள் மின்கடத்தும் தடங்கள் அச்சிடப்பட்ட மெல்லிய நெகிழிப் படலங்களை நம்பியிருந்தன. பக்கவாட்டுப் பொத்தான்கள் ஓயாமல் அழுத்தப்பட்டபோது அப்படலம் மடிந்து தடம் அறுந்தது. கன்ட்ரோலரின் வடமோ இயந்திரத்தின் உள்ளேயே இணைக்கப்பட்டிருந்தது. 1982இல் அட்டாரி வெளியிட்ட 5200 இயந்திரம் இத்தகைய படலக் குறைக்கே பெயர் பெற்றது. நெகிழ்சுற்று எனப்படும் வளையும் படலத்தின்மீது பொத்தான்களின் கார்பன் பூசிய தொடுமுனைகள் பதியும்படி அது அமைந்திருக்க, சில மாதப் பயன்பாட்டிலேயே சுடும் பொத்தான்கள் இயங்க மறுப்பது அதன் உரிமையாளர்களுக்குப் பழகிய தொல்லையாயிற்று. 1984இல் அவ்வியந்திரம் நிறுத்தப்பட்டு, அதே ஆண்டில் அட்டாரி நிறுவனமும் பிரிக்கப்பட்டபோது, உதிரிப்பாகங்கள் தயாரிப்பாளரின் கையிலிருந்து எஞ்சிய சரக்கை வாங்கிய வணிகர்களிடம் சென்றன. கலிபோர்னியாவின் சான் ஹோசே நகரில் இயங்கிய பெஸ்ட் எலக்ட்ரானிக்ஸ், பழைய சரக்கை விற்றதோடு நில்லாமல், தங்க முலாம் பூசிய தொடுமுனைகளையும் நெகிழ்சுற்றுகளையும் 5200க்கெனப் புதிதாகத் தயாரித்தளித்தது. தங்கம் காற்றில் ஆக்சைடாக மாறுவதில்லை என்பதால், அவ்வாறு சீர்செய்யப்பட்ட கன்ட்ரோலர் தொழிற்சாலையிலிருந்து வந்தபோது இருந்ததைவிட நம்பகமானதாகிவிட்டது. தயாரிப்பாளர் விட்ட பிழையைப் பழுதுபார்ப்பவர் திருத்திய முதல் தெளிவான சான்றுகளில் இதையும் சேர்க்கலாம்.

ஜப்பானில் 1983 ஜூலை 15 அன்று நின்டெண்டோ வெளியிட்ட ஃபேமிகாம் மற்றொரு பாடத்தைத் தந்தது. மசாயுகி உயெமுரா வடிவமைத்த அவ்வியந்திரத்தின் முதல் தொகுதிகளில் ஏ, பி பொத்தான்கள் சதுர வடிவில், மென்மையான ரப்பரால் செய்யப்பட்டிருந்தன. அழுத்தும்போது அவற்றின் விளிம்பு துளையில் சிக்கி மேலெழாமல் நின்றுவிடுவதும், ரப்பர் விரைவில் தேய்வதும் கண்டறியப்பட்டு, விரைவிலேயே அவை வட்டமான கடின நெகிழிப் பொத்தான்களாக மாற்றப்பட்டன. கன்ட்ரோலர் வடம் இயந்திரத்துக்குள்ளேயே பொருத்தப்பட்டிருந்ததால், ஒரு பொத்தான் கெட்டாலும் கன்ட்ரோலரை மாற்ற இயந்திரத்தைத் திறந்தாக வேண்டும். இரண்டாவது கன்ட்ரோலரில் ஒலிவாங்கி இருந்ததே தவிர ஸ்டார்ட், செலக்ட் பொத்தான்கள் இல்லாததால், அதை முதலாவதற்கு மாற்றாகக் கொள்ளவும் வழியில்லை. 1985இல் அமெரிக்காவுக்குச் சென்ற, என்.இ.எஸ். எனப்பட்ட அதன் வடிவத்தில் கழற்றி மாட்டும் செருகி வந்தது. ஜப்பானியர்களுக்கு அது கிடைக்க 1993ஆம் ஆண்டின் புதிய ஃபேமிகாம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

வடிவம் மாறினாலும், பொத்தானுக்கு அடியில் இருந்த அமைப்பு அதன்பின் இரு தலைமுறைகளுக்குப் பொதுவானதாயிற்று. கால்குலேட்டரிலும் தொலைக்காட்சி ரிமோட்டிலும் இருப்பதைப் போன்றே, நெகிழிப் பொத்தானுக்குக் கீழே குமிழ் வடிவச் சிலிகோன் ரப்பரும், அதன் அடிப்பகுதியில் கார்பன் தூள் கலந்த சிறு கறுப்பு வில்லையும் உள்ளன. மின்சுற்றுப் பலகையில், விரல்களைக் கோத்ததுபோல் ஒன்றினுள் ஒன்று நுழைந்தும் தொடாமலும் நிற்கும் இரு கார்பன் தடங்கள் அச்சிடப்பட்டிருக்கும். பொத்தானை அழுத்த, வில்லை இரு தடங்களையும் இணைக்கும். விட்டவுடன் குமிழின் நெகிழ்ச்சியே பொத்தானை மேலே தள்ளும். இவ்வமைப்பு மலிவானது, ஓசையற்றது, துருப்பிடிக்காதது. ஆனால் அது மூன்று வகையில் முதுமையடைகிறது: வியர்வையும் தூசியும் சிலிகோனிலிருந்தே கசியும் எண்ணெய்ப்பசையும் வில்லைமீது மின்கடத்தாப் படலமாகப் படிகின்றன, வில்லையின் மேற்பரப்பிலுள்ள கார்பன் தேய்ந்து அதன் மின்தடை, அதாவது மின்னோட்டத்தை எதிர்க்கும் அளவு, உயர்கிறது, குமிழின் ஓரச் சுவர் வளைந்து வளைந்து இறுதியில் கிழிகிறது. முதலாவது துடைத்தால் தீரும். இரண்டாவதற்குப் புதிய பூச்சு வேண்டும். மூன்றாவதற்கு மாற்று ரப்பரே வழி. பொத்தான் பழுதுபார்ப்பு நுட்பங்கள் அனைத்தும் இம்மூன்றில் எது நேர்ந்தது என்று பிரித்தறிவதிலேயே தொடங்குகின்றன.

ஆடும் முறையும் தேய்மானத்தை விரைவுபடுத்தியது. 1980களின் நடுவே, வீடியோ கேம்களை வெளியிட்ட ஹட்சன் நிறுவனத்தின் தொஷியுகி தகாஹாஷி, நொடிக்கு 16 முறை பொத்தானை அழுத்துபவர் எனப் புகழ்பெற்று, ஜப்பானியச் சிறுவர்களிடையே விரைவழுத்தத்தை ஒரு போட்டியாகவே ஆக்கினார். அக்காலத்தில் பழுது நீக்கும் பொறுப்பைத் தயாரிப்பாளரே ஏற்றிருந்தார்: அமெரிக்காவில் நின்டெண்டோ தன் அங்கீகாரம் பெற்ற கடைகளுக்கு, இயந்திரத்தையும் துணைக்கருவிகளையும் சோதிக்கும் தனிக் கருவியை வழங்கியது, ஜப்பானில் ஃபேமிகாமுக்கான பழுதுநீக்கும் சேவையை, பாகங்கள் கிடைப்பது அரிதாகிவிட்ட காரணத்தால், 2007 அக்டோபர் இறுதியில்தான் நிறுத்திக்கொண்டது. ஒரு தயாரிப்பு வெளியாகி 24 ஆண்டுகள் அதன் பொத்தானுக்குத் தயாரிப்பாளரே பொறுப்பேற்றிருந்தது நுகர்வுமின்னணுத் துறையில் அரிது.

தயாரிப்பாளர் விலகிய இடத்தில் ரிமோட் பழுதுபார்க்கும் கைப்பழக்கம் நுழைந்தது. என்.இ.எஸ். கன்ட்ரோலரின் பின்மூடியைச் சாதாரணக் கூட்டல்குறித் திருப்புளியால் கழற்ற முடிந்ததும் இதற்கு உதவியது. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் வில்லையையும் தடத்தையும் துடைப்பது முதல் படி. உலோக முனைகளைத் தேய்த்துச் சுத்தப்படுத்திப் பழகியவர்கள் அழிப்பானையோ உப்புத்தாளையோ இங்கும் பயன்படுத்தியபோது, அச்சிட்ட கார்பன் தடமே உரிந்துபோனது. அசிட்டோன் போன்ற வலிய கரைப்பான்கள் கன்ட்ரோலரின் நெகிழி உடலையே இளக்கின. அடுத்த படி, மென்மையான பென்சிலின் கிராஃபைட்டை வில்லையில் தேய்ப்பது. அது உடனே பலன் தந்தாலும், உதிரும் தூள் விரைவில் பயனற்றுப்போகும். அலுமினியத் தாளை வட்டமாக வெட்டி ஒட்டுவது அடுத்த உத்தி. ஆனால் அலுமினியத்தின்மீது மின்கடத்தா ஆக்சைடு படிவதோடு, அதன் கூர்விளிம்பு தடத்தையும் கீறிவிடும். பெரும்பாலான பசைகள் சிலிகோனில் பிடிப்பதுமில்லை. ரிமோட்டுகளுக்கென விற்கப்பட்ட கார்பன் பூச்சு இவற்றினும் மேலானது என்றாலும், ரப்பரோடு சேர்ந்து நெகிழாத பூச்சு காலப்போக்கில் வெடித்துவிடுகிறது.

2000இல் சோனி வெளியிட்ட டூயல்ஷாக் 2 இந்நுட்பங்களின் எல்லையைக் காட்டியது. அதன் பெரும்பாலான பொத்தான்கள் அழுத்தப்பட்டதா என்பதை மட்டுமன்றி, எவ்வளவு அழுத்தப்பட்டது என்பதையும், வில்லை தடத்தில் பரவும் அளவைக் கொண்டு உணர்ந்தன. அலுமினியத் தாள் ஒட்டிய பொத்தான் அங்கே இலேசான தொடுதலையும் முழு அழுத்தமாகவே தெரிவிக்கும். பொத்தான் இயங்கும், அதன் நுண்ணுணர்வு போய்விடும். பழுதுபார்ப்பின் நோக்கம் மின்னிணைப்பை மீட்பதா, விரலுக்குப் பழகிய உணர்வை மீட்பதா என்ற கேள்வி இங்கே தெளிவாக எழுந்தது.

பிற நிறுவனங்கள் இன்று விற்கும் புதிய ரப்பர்கள் அதே கேள்வியைத் தொடர்கின்றன. அவை மின்னிணைப்பைக் குறையின்றித் தருகின்றன. ஆனால் பல நேரங்களில் மூல ரப்பரைவிட விறைப்பாக இருப்பதால், அழுத்தும் ஆழமும் மேலெழும் வேகமும் மாறிவிடுகின்றன. உடைந்த வேறொரு கன்ட்ரோலரிலிருந்து மூல ரப்பரை எடுத்துப் பொருத்தினால் அக்குறை இல்லை. ஆனால் ஒன்றைக் காக்க மற்றொன்றைச் செலவழிக்கும் வழி அது, எண்ணிக்கை குறையக் குறைய அதன் விலையும் ஏறுகிறது. எனவே தேர்ந்த பழுதுபார்ப்பவர் முதலில் துடைத்து, தேவைப்பட்டால் பூசி, குமிழ் கிழிந்த பின்னரே மாற்றும் வரிசையைக் கைக்கொள்கிறார். ஆர்க்கேட் கூடத்தில் தகட்டை வளைத்துச் சரிசெய்தவரின் வேலைமுறையை இது நினைவூட்டினாலும், அவரைக் கட்டுப்படுத்தியது நேரமும் வருமானமும். இவரைக் கட்டுப்படுத்துவது, இனி உற்பத்தியாகாத ஒரு பொருளின் எஞ்சிய அளவு.