கறுப்பைத் தேடிய கண்ணாடி: தட்டைத் திரைத் தொலைக்காட்சியின் வரலாறு

தொலைக்காட்சிப் பெட்டி ஒன்றின் தரத்தை அறிய விரும்புவோர் முதலில் அதன் ஒளியையே நோக்குகின்றனர். எது கண்ணைப் பறிக்கிறதோ அதுவே சிறந்தது எனக் கொள்வது மனித இயல்பு. ஆயினும், இத்துறையில் ஆழ்ந்து உழைத்த பொறியாளர்கள் பல்லாண்டுக் காலம் தேடியலைந்தது இருளையே ஆகும். திரையில் கருமை கருமையாகவே நிற்க வேண்டும் என்பதே அவர்தம் வேட்கை. அதனை ஏறத்தாழ எட்டிப் பிடித்த ஒரு திரை சந்தையில் தோற்று மறைந்தது. அத்தோல்வி, பொருளை எவ்விடத்தில் எவ்வாறு மதிப்பிட வேண்டும் என்னும் பாடத்தை நமக்கு விட்டுச் சென்றுள்ளது.

கருமைக்கு ஏன் இத்துணைச் சிறப்பு? ஓவியன் தீட்டும் உருவம் நிழலால் எழுகிறது. அதுபோலவே திரையின் உருவமும் ஒளிக்கும் இருளுக்கும் இடையேயுள்ள வேற்றுமையால் உயிர் பெறுகிறது. கருமை சாம்பல் நிறமாக வெளுத்துவிட்டால், எத்துணை ஒளியைக் கூட்டினும் உருவம் தட்டையாகவே தோன்றும். வண்ணங்களும் நீர் கலந்தவை போல் வெளிறிவிடும்.

படக்குழாயின் காலம்

ஜெர்மானிய அறிஞர் கார்ல் பெர்டினாண்டு பிரவுன் 1897ஆம் ஆண்டு உருவாக்கிய கதிர்க்குழாயே நெடுங்காலம் தொலைக்காட்சியின் உயிராக விளங்கியது. சிங்கப்பூரில் 1963 பிப்ரவரி 15ஆம் நாளும், மலேசியாவில் அதே ஆண்டு டிசம்பர் 28ஆம் நாளும் தொலைக்காட்சி ஒளியேறியபோது மக்கள் கூடியமர்ந்து பார்த்தவை அக்குழாய்ப் பெட்டிகளே. வண்ணம் சிங்கப்பூருக்கு 1974இலும் மலேசியாவுக்கு 1978இலும் வந்து சேர்ந்தது. இவ்விரு நாடுகளும் பெட்டிகளைப் பார்த்ததோடு நில்லாமல் செய்தும் கொடுத்தன. சிங்கப்பூரின் செட்ரான் நிறுவனம் 1960களிலேயே பெட்டிகளை உறுப்புப் பொருத்தி விற்றது. பின்னாளில் செரம்பானில் சாம்சங் குழுமத்தின் ஆலை படக்குழாய்களை வடித்தது. ஆகவே இவ்வரலாறு நமக்குப் பிறர் கதை அன்று.

படக்குழாய்க்குப் பெருங்குறை ஒன்று இருந்தது. மின்னணுக் கற்றை வளைந்து திரையின் ஓரங்களைத் தொடுவதற்குத் தொலைவு வேண்டும். அதனால் பெட்டிக்கு ஆழம் வேண்டும். குழாயினுள் வெற்றிடம் இருப்பதால், திரை அகலமாக ஆகக் காற்றழுத்தத்தைத் தாங்கக் கண்ணாடியும் தடிக்க வேண்டும். 40 அங்குலப் பெட்டி நூறு கிலோவைத் தாண்டிவிடும். சுவரில் படம்போல் தொங்கும் திரை என்பது அந்நாளில் கனவாகவே இருந்தது.

வளிமமும் படிகமும்

அக்கனவுக்கு வழி திறந்தோர் தொலைக்காட்சியை எண்ணிப் பணியாற்றியவர் அல்லர் என்பது வியப்புக்குரியது. அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ‘பிளேட்டோ’ என்னும் கணினிவழிக் கல்வித் திட்டம் நடைபெற்று வந்தது. மாணவர் முன் வைக்கும் திரைக்கு, உருவத்தைத் தானே நினைவில் நிறுத்தும் ஆற்றல் தேவைப்பட்டது. கணினி நினைவகத்தின் விலை அந்நாளில் அத்துணை அதிகம். டொனால்டு பிட்சர், ஜீன் ஸ்லாட்டோ, ஆய்வு மாணவர் ராபர்ட் வில்சன் ஆகிய மூவரும் 1964ஆம் ஆண்டு, இரு கண்ணாடித் தகடுகளுக்கிடையே வளிமத்தை அடைத்து மின்னூட்டி ஒளிரச் செய்தனர். அதுவே பிளாஸ்மாத் திரை. முதலில் செம்மஞ்சள் ஒளி மட்டுமே தந்த அத்திரையை வண்ணத்திரையாக்க மூன்று பத்தாண்டுகள் பிடித்தன. ஜப்பானின் பியுஜிட்சு நிறுவனத்தில் சுதாயே ஷினோடா விடாது முயன்று, 1990களின் தொடக்கத்தில் 21 அங்குல வண்ணத்திரையை உருவாக்கினார். 1997இல் 42 அங்குலத் திரை அமெரிக்கக் கடைகளுக்கு வந்தபோது அதன் விலை ஏறத்தாழ 15,000 டாலர்.

மற்றொரு வழி தாவரவியலில் தொடங்கியது. ஆஸ்திரிய அறிஞர் பிரீடரிக் ரெயினிட்சர் 1888ஆம் ஆண்டு பிராக் நகரில் கேரட்டிலிருந்து பெற்ற ஒரு பொருளை ஆராய்ந்தபோது, அது இரண்டு முறை உருகும் விந்தையைக் கண்டார். திண்மத்துக்கும் நீர்மத்துக்கும் இடைப்பட்ட அந்நிலையே திரவப் படிகம். ஜார்ஜ் ஹெயில்மையர் தலைமையில் ஆர்.சி.ஏ. நிறுவனத்தார் 1968இல் அதனைக் கொண்டு காட்சித்தகடு செய்து உலகுக்கு அறிவித்தனர். ஆயினும் அந்நிறுவனம் அதனை வளர்க்கவில்லை. ஜப்பானியர் அதனைக் கணிப்பொறிப் பெட்டியிலும் கைக்கடிகாரத்திலும் வைத்துப் பழகினர். ஷார்ப் நிறுவனம் 1988இல் 14 அங்குல வண்ணத்திரையைக் காட்டியது. 2004இல் கமேயாமா நகரில் தொலைக்காட்சிகளுக்கென்றே பேராலையைத் திறந்தது.

இவ்விரண்டுக்குமுள்ள வேற்றுமையை அறிந்தாலன்றி எத்திரையையும் மதிப்பிட இயலாது. பிளாஸ்மாவில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் விளக்கு. எல்.சி.டி. எனப்படும் திரவப் படிகத் திரையிலோ, பின்னால் ஒரு விளக்கு எப்போதும் எரிந்துகொண்டிருக்கும். படிகங்கள் அதன் முன்னே திறந்து மூடும் கதவுகள். கதவை எவ்வளவு இறுக்கி மூடினாலும் இடுக்கு வழியே ஒளி கசியும். அக்கசிவே இரவு வானத்தைச் சாம்பல் போர்வையாக்குகிறது. பக்கவாட்டிலிருந்து நோக்கினால் அக்குறை இன்னும் மிகும்.

கூரோ

பிளாஸ்மாவும் குறையற்றதன்று. ஒரு புள்ளி சட்டென ஒளிர வேண்டுமாயின் அது எந்நேரமும் சிறிதளவு மின்னூட்டத்தோடு காத்திருக்க வேண்டும். அக்காத்திருப்பே மங்கிய ஒளியாக வெளிப்பட்டுக் கருமையைக் கெடுத்தது. இக்குறையைக் களைவதையே தம் நோக்கமாகக் கொண்டனர் ஜப்பானின் பயனியர் நிறுவனப் பொறியாளர். புள்ளி அறைகளுக்கு முன்னே தூய படிக அடுக்கு ஒன்றை அமைத்து, வளிமம் விரைந்து ஒளிரும்படி செய்து, காத்திருப்பு ஒளியைப் பெரிதும் தாழ்த்தினர். 2007ஆம் ஆண்டு வெளிவந்த அவ்வரிசைக்கு அவர்கள் சூட்டிய பெயர் ‘கூரோ’. ஜப்பானிய மொழியில் அதன் பொருள் ‘கறுப்பு’. ஒளியை விற்கும் வணிகத்தில் கருமையைப் பெயராகச் சூட்டிய துணிவை என்னென்பது!

2008 ஜனவரியில் லாஸ் வேகஸ் பொருட்காட்சியில் அந்நிறுவனம் இன்னும் ஒருபடி முன்னேறிய மாதிரித் திரையை இருட்டறையில் வைத்துக் காட்டியது. கருமை காட்டும் வேளையில் அத்திரை எரிகிறதா, அணைந்துள்ளதா என்று பார்த்தவரால் சொல்ல இயலவில்லை. அம்மாதிரி விற்பனைக்கு வரவே இல்லை. அதே ஆண்டு மார்ச்சில், சொந்தமாகத் திரைத்தகடு செய்வதைக் கைவிடுவதாகப் பயனியர் அறிவித்தது. 2009 பிப்ரவரியில் தொலைக்காட்சித் தொழிலை விட்டே விலகும் முடிவும், ஏறத்தாழ 10,000 பேரின் வேலை போகும் செய்தியும் ஒருசேர வெளிவந்தன. பிளாஸ்மாவைத் தொடர்ந்து செய்துவந்த பானசோனிக் 2013இன் இறுதியில் உற்பத்தியை நிறுத்தியது, சாம்சங்கும் எல்.ஜி.யும் 2014இல் அவ்வழியே சென்றன. இல்லினாயில் பிறந்த சுடர் அரை நூற்றாண்டில் அணைந்தது.

கடையின் ஒளியும் வீட்டின் இருளும்

சிறந்தது ஏன் தோற்றது? காரணம் ஒன்றன்று. பிளாஸ்மா மின்சாரத்தை மிகுதியாக உண்டது, எடை கூடியது, சிறிய அளவுகளில் செய்ய உகந்ததாக இல்லை. எல்.சி.டி.யோ கைக்கணினி முதல் பெருந்திரை வரை எல்லா அளவிலும் பெருவாரியாகச் செய்யப்பட்டு ஆண்டுதோறும் விலை குறைந்தது. 2008இன் உலகப் பொருளாதார நெருக்கடி உயர்ந்த விலைப் பொருள்களை மேலும் வாட்டியது.

எனினும் இவற்றோடு சேர்த்து எண்ணத்தக்க காரணம் மற்றொன்று உண்டு. தொலைக்காட்சி வாங்கப்படுவது கடையில், பார்க்கப்படுவது வீட்டில். கடையின் கூரையெங்கும் வெண்குழல் விளக்குகள் எரிகின்றன. அவ்வொளி திரையின் கண்ணாடியில் பட்டுத் தெறிக்கும்போது எல்லாத் திரைகளின் கருமையும் ஒன்றுபோல் வெளுத்துவிடுகிறது. பிளாஸ்மா, முழுத்திரையும் வெண்மையாகும் காட்சிகளில் தன் ஒளியைத் தானே தாழ்த்திக்கொள்ளும் இயல்புடையது. அருகே நிற்கும் எல்.சி.டி.யோ பட்டப்பகல்போல் ஒளிர்ந்தது. கண் தேர்ந்தது எதை என்று கூறவும் வேண்டுமோ! வீட்டில் இரவு ஒன்பது மணிக்கு விளக்கைத் தாழ்த்தி அமர்ந்தால் எது வெல்லும் என்பதைக் கடையின் கண் அறிந்திருக்க வழியில்லை. திரையரங்கின் வெண்மைக்குத் திரைத்துறை வகுத்துள்ள அளவு 48 நிட். தொலைக்காட்சி நிகழ்ச்சிகளுக்கு வண்ணம் செப்பனிடும் கூடங்களில் நெடுங்காலம் கைக்கொண்ட அளவு 100 நிட். இருளில் அமர்ந்த கண்ணுக்கு அவ்வளவே போதும்.

கரிமத்தின் மறுபிறப்பு

கருமையின் கதை பிளாஸ்மாவோடு முடியவில்லை. ஹாங்காங்கில் பிறந்த சிங் டாங், அவருடன் பணியாற்றிய ஸ்டீவன் வான் ஸ்லைக் ஆகிய இருவரும் அமெரிக்காவின் கோடாக் நிறுவனத்தில், மின்னூட்டினால் ஒளிரும் மெல்லிய கரிமப் படலத்தை உருவாக்கி 1987இல் ஆய்வுரை வெளியிட்டனர். அதுவே ஓ.எல்.இ.டி. இங்கு ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும். அணைக்கும்போது முற்றும் அணையும். சோனி நிறுவனம் 2007இல் விற்ற முதல் ஓ.எல்.இ.டி. தொலைக்காட்சியின் அளவு 11 அங்குலம். தடிமன் 3 மில்லிமீட்டர். விலை 2 லட்சம் யென். படச்சுருள் வணிகம் சரிந்து தடுமாறிய கோடாக், 2009இல் இத்தொழில்நுட்பத்தை எல்.ஜி. குழுமத்துக்கு விற்றது. எல்.ஜி. 2013 ஜனவரியில் கொரியாவில் 55 அங்குலத் திரையை விற்பனைக்கு விட்டது. பயனியர் பொறியாளர் இருட்டறையில் காட்டிய கருமை இல்லங்களுக்கு வந்தது இவ்வழியேதான். கண்டவர் ஒருவர், வளர்த்தவர் ஒருவர், பயன்கொண்டவர் வேறொருவர் என்பது இத்துறையில் மீண்டும் மீண்டும் நிகழ்ந்துள்ளது.

எல்.சி.டி.யும் சோர்ந்துவிடவில்லை. பின்விளக்கை நூற்றுக்கணக்கான சிறு பகுதிகளாகப் பிரித்து, இருண்ட இடங்களில் மட்டும் அதனைத் தாழ்த்தும் முறை வளர்ந்தது. அதனால் கசிவு குறைந்தது. ஆயினும் இருண்ட வானில் ஒற்றை நிலவு தோன்றும்போது அதைச் சுற்றி மெல்லிய ஒளிவட்டம் படர்வதைக் கூர்ந்து நோக்குவோர் காணலாம். ஓ.எல்.இ.டி.க்கும் குறை உண்டு. ஒரே உருவம் நெடுநேரம் அசையாது நின்றால் அதன் தடம் திரையில் படிந்துவிடக்கூடும். நாள் முழுதும் செய்தி அலைவரிசையை ஓடவிடும் இல்லத்தார் இதனை மறத்தலாகாது.

மதிப்பிடும் முறை

மாதச் சம்பளம் பலவற்றைச் சேர்த்துத் திரை வாங்கும் குடும்பத்துக்கு இவ்வரலாறு கூறும் அறிவுரைகள் தெளிவானவை. முதலாவது, தன் வீட்டை அறிதல். பகலில் சன்னல் வெயில் பாயும் கூடத்துக்கு ஒளிமிக்க எல்.சி.டி. தக்கது, இரவில் விளக்கணைத்துப் படம் பார்ப்போருக்கு ஓ.எல்.இ.டி. தக்கது. விளம்பரத்தில் காணும் ‘பத்து லட்சத்துக்கு ஒன்று’ என்பன போன்ற ஒளிவேற்றுமை எண்களை நிறுவனந்தோறும் வெவ்வேறு முறையில் அளக்கின்றனர். அவற்றை ஒப்பிட்டுப் பயனில்லை.

இரண்டாவது, தொலைவை அளத்தல். 55 அங்குலத் திரையில் பழைய உயர்தெளிவுப் படத்தின் புள்ளிகளைக் கண் பிரித்தறியும் எல்லை ஏறத்தாழ 2.2 மீட்டர். அதற்கப்பால் அமர்வோருக்கு, 83 லட்சம் புள்ளிகள் கொண்ட நான்காயிரத் தெளிவுத் திரையின் கூடுதல் நுட்பம் அவ்வளவாகப் புலப்படாது. வீவக அடுக்குமாடி வீட்டின் கூடத்தில் இருக்கைக்கும் திரைக்கும் இடையே மூன்று மீட்டர் இருக்குமாயின், புள்ளிகளைக் காட்டிலும் கருமைக்கும் வண்ணத்துக்கும் பணம் தருவதே அறிவுடைமை.

மூன்றாவது, தக்க காட்சியைக் கொண்டு சோதித்தல். கடைகளில் ஓடும் கிளிகளும் மலர்களும் எத்திரையிலும் அழகாகவே இருக்கும். வீணை வித்தகர் எஸ். பாலச்சந்தர் 1954இல் இயக்கிய ‘அந்த நாள்’ போன்ற, நிழலை மொழியாகக் கொண்ட கறுப்பு வெள்ளைப் படமொன்றை ஓடவிட்டுப் பார்க்கலாம். இருளில் நிற்பவரின் முகம் கரும்பரப்பில் கரைந்துவிடுகிறதா, கன்னத்தின் வளைவு தெரிகிறதா என்று நோக்குக. நம்மவர் மேனி மாநிறமும் கருநிறமும் ஆதலால், இரவுக் காட்சிகளில் நம் முகங்கள் வாழ்வது கருமைக்கு அடுத்த சில படிகளில்தான். அப்படிகளைத் தெளிவாகக் காட்டாத திரை, எத்துணை ஒளி வீசினாலும் நம் முகத்தை நமக்குக் காட்டாத திரையே.

நான்காவது, கடைக்கென வைத்த அமைப்பை வீட்டில் மாற்றுதல். மிகையொளி அமைப்பு வெண்மையை நீலமாக்கும். அசைவை வழுக்கலாக்கும் வசதி, நொடிக்கு 24 சட்டங்களில் எடுத்த திரைப்படத்தை மேடை நாடக ஒளிப்பதிவுபோல் ஆக்கிவிடும். இதனைக் கண்டு மனம் வருந்திய இயக்குநர்களின் ஆதரவோடு, 2019இல் ‘பிலிம்மேக்கர் மோட்’ என்னும் பொது அமைப்பு அறிவிக்கப்பட்டது. இவ்வமைப்புள்ள திரையில் ஒரே பொத்தானில் பெரும்பாலான குறைகள் நீங்கும், செலவு ஏதுமில்லை.

கருமையைத் தேடிய பொறியாளரின் உழைப்பு கடையின் ஒளிவெள்ளத்தில் ஒருமுறை காணாமற் போயிற்று. இனி வாங்குவோர் தத்தம் வீட்டு விளக்கின் கீழ், தாம் விரும்பிப் பார்க்கும் படத்தைக் கொண்டு திரையை அளந்தால், அத்தகைய உழைப்பு மீண்டும் வீணாகாது. அவர்தம் பணமும் வீணாகாது.